மாவோவா, சாங் குவோதாவா? 1935 ஜூனில் யார் கை ஓங்கியிருந்தது?

1935 ஜூன் 25. சிச்சுவான் மலைகளுக்கு நடுவே லியாங்ஹெகோ என்ற சிற்றூர். சீனக் கம்யூனிஸ்ட் கட்சியின் மாவோவும் தலைமைக் குழுவினரும் மழையில் காத்து நிற்கிறார்கள். குதிரையில் வந்து இறங்குகிறார் அதே கட்சியின் இன்னொரு படைக்குத் தலைவரான சாங் குவோதாவ். முந்தைய அக்டோபரில், கோமிண்டாங் (தேசியவாதக் கட்சி) அரசின் முற்றுகையிலிருந்து தப்பி ஜியாங்சியிலிருந்து நெடும்பயணம் கிளம்பியபோது 86,000 பேர் இருந்த மாவோ தரப்புப் படை, கால்வாசிக்கும் கீழே தேய்ந்திருந்தது. சாங்கிடம் ஏறத்தாழ 80,000 பேர். கட்சி யார் கைக்குப் போகும் என்று அன்று கேட்டிருந்தால், நானும் சாங் பெயரைத்தான் சொல்லியிருப்பேன்.

படையை விடுங்கள், பின்னணியிலும் அவர்தான் முன்னே நின்றார். 1897இல் பிங்சியாங்கில் வசதியான நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர். பீகிங் (பெய்ஜிங்) பல்கலைக்கழக மாணவர், 1919இல் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்து மாணவர்கள் எழுந்த மே நான்கு இயக்கத்தில் முன்னணி முகம். 1921இல் ஷாங்காயில் நடந்த கட்சியின் முதல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டே மாஸ்கோவில் லெனினைச் சந்தித்தார்.

மாவோவும் அதே பல்கலைக்கழகத்தில் இருந்தார், நூலக உதவியாளராக. ஹுனானின் ஷாவ்ஷானில் 1893இல் பிறந்த விவசாயி மகன், ஆசிரியர் பயிற்சி முடித்து 1918இல் பெய்ஜிங் வந்தவர். மாதம் 8 யுவான் சம்பளம். வாசிக்க வருபவர்களின் பெயரைப் பதிவேட்டில் எழுதுவது வேலை. அவர்களில் பெரிய அறிஞர்களிடம் பேச்சுக் கொடுத்தால், தெற்கத்திப் பேச்சு பேசும் இந்தப் பையனுக்கு நின்று பதில் சொல்ல அவர்களுக்கு நேரமில்லை. ராத்திரி ஒரே அறையில், கணப்பு மேடையில் எட்டுப் பேர் நெருக்கியடித்துப் படுக்க வேண்டும். புரண்டு படுப்பதென்றால் இரு பக்கமும் சொல்லிவிட்டுத்தான் புரள வேண்டும் என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். ஷாங்காய் மாநாட்டிலும் அவருக்குக் கிடைத்தது குறிப்பெடுக்கும் வேலைதான்.

சாங் நம்பியது நகரத்தை, ரயில்வே தொழிலாளர்களை. 1923 பிப்ரவரியில் பெய்ஜிங்-ஹான்கோ ரயில்வே வேலைநிறுத்தத்தை வடக்கை ஆண்ட போர்ப்பிரபு வூ பேஃபுவின் படை ரத்தத்தில் முடித்தது. மாவோ 1927இல் ஹுனானின் ஐந்து மாவட்டங்களை 32 நாள் சுற்றி விவசாயிகளைப் பார்த்தார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் அவர் நடத்திய ஆயுதக் கிளர்ச்சி தோற்றதும், மிஞ்சியவர்களோடு ஜிங்காங் மலை ஏறினார். என்னைக் கேட்டால், மாவோவின் பலம் இங்கேதான் பிறந்தது.

சொந்தத் தோழர்களையே களையெடுத்ததில் இருவர் கையிலும் ரத்தம் உண்டு. மாவோ பக்கம் ஜியாங்சியின் ஃபுதியான் ஊரில், சாங் பக்கம் அவர் தலைமை தாங்கிய ஹுபே-ஹெனான்-அன்ஹுய் எல்லைத் தளத்தில். மாவோவைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு வேதனை.

கடைசியில் பிரித்தது திசை. மாவோ வடக்கே என்றார், சாங் தெற்கே. பட்டினி கிடக்கும் படைக்கு செங்டு சமவெளியின் நெல் தேவை. ஆகவே சாங்கின் கணக்கை மடத்தனம் என்று தள்ளிவிட முடியாது. செப்டம்பரில் பிரிந்தார்கள். அக்டோபரில் சாங் தனி மத்தியக் குழுவே அமைத்துவிட்டார். ஆனால் நவம்பரில் பைசாங்கில் பலத்த அடி வாங்கி, மேட்டுநிலக் குளிரில் படை ஒடுங்கியது.

அதற்குள் மாவோவின் சில ஆயிரம் பேர் கான்சுவின் ஹாதாபுவை அடைந்திருந்தார்கள். அங்கே கிடைத்த பழைய செய்தித்தாள்கள்தான் வடக்கு ஷான்சியில் ஒரு செம்படைத் தளம் உயிரோடு இருப்பதைச் சொல்லின. அதிர்ஷ்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் வடக்கே நடந்தவர் கையில்தானே அந்தத் தாள் கிடைத்தது!

1936இல் சாங்கும் வடக்கே வந்து சேர்ந்தார். மஞ்சள் நதியைக் கடந்து மேற்கே போன அவருடைய 20,000க்கும் மேற்பட்ட வீரர்களை வடமேற்கை ஆண்ட மா குலத்துப் போர்ப்பிரபுக்களின் படைகள் சில மாதங்களில் அழித்தன. 1938 ஏப்ரலில், சீனர்களின் மூதாதையாகக் கருதப்படும் மஞ்சள் பேரரசரின் கல்லறைக்கு அஞ்சலி செலுத்தப் போன சாங், கட்சியின் தலைமையிடமான யானானுக்குத் திரும்பவில்லை; கோமிண்டாங் பக்கம் போய்விட்டார்.