கிரெடிட் ரெக்கார்டை அழித்துத் தருகிறோம் என்றவர்களிடம் 1,288 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்தேன், நீங்கள் கொடுத்துவிடாதீர்கள்

போன வாரம் கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் தங்கச்சி ஒருத்தி போனை நீட்டி, "அக்கா, இது நல்ல இடமா?" என்று கேட்டாள். திரையைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. அதே விளம்பரம். "கெட்ட கிரெடிட் ரெக்கார்டை 30 நாளில் அழித்துத் தருகிறோம், தமிழிலேயே பேசலாம்." (கிரெடிட் ரெக்கார்ட் என்பது நாம் கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் பதிவு.) ஏழு மாதத்துக்கு முன்னால் இதை நம்பித்தான் நானும் போனேன். வெட்கத்தில் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததால்தான் இன்னொருத்தி அதே படியில் ஏறப் பார்த்தாள் என்று அன்று ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இடத்தின் பெயரை எழுதவில்லை. பணத்தில் பாதியைத் திரும்ப வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாளில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறது. பெயர் தெரிந்தாலும் பெரிய பயன் இல்லை, இந்த மாதிரி ஆட்கள் ஒரு பலகையை இறக்கிவிட்டு இன்னொரு பலகையை மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

யீஷூனில் பழைய வீவக வீடு (அரசாங்க அடுக்குமாடி வீடு) ஒன்றை வாங்கினோம். குளியலறையும் சமையலறையும் இடிக்காமல் குடியேற முடியாத நிலை. ரெனவேஷன் கடன் என்பது மாத வருமானத்தில் 6 மடங்கு அல்லது 30,000 வெள்ளி, இரண்டில் எது குறைவோ அதுவரைதான் கிடைக்கும். நாங்கள் கேட்டது 18,000. கிடைக்கும் என்று நம்பி கான்ட்ராக்டரிடம் முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. வங்கி மறுத்துவிட்டது. ஒரு பக்கக் கடிதம் வந்தது, முதல் வரியில் மறுப்பு. அதற்கு மேல் நான் படிக்கவில்லை, மடித்து டிராயரில் போட்டேன். இந்தக் கடிதத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

இரண்டு நாள் கழித்து அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. தேக்கா பக்கம், ஒரு பழைய கடைவீட்டின் மாடி. ஏசி, கண்ணாடிக் கதவு, சுவரில் சட்டம் போட்ட சான்றிதழ்கள். பேசியவருக்கு முப்பது வயது இருக்கும், வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" என்றார், டீ வாங்கிக் கொடுத்தார். "வங்கிக்காரன் உங்களை ஒரு நம்பராகத்தான் பார்ப்பான், நாங்கள் குடும்பமாகப் பார்ப்போம்" என்றார். ஊரிலிருந்து வந்து இங்கே இருப்பவர்களுக்குப் புரியட்டும் என்று "இது நம்ம ஊர் சிபில் மாதிரிதான்" என்றும் சொன்னார். அதுவே அரைகுறைப் பேச்சு. இந்தியாவில் சிபில் ஸ்கோர் 300-லிருந்து 900 வரை. இங்கே கடன் பதிவுகளைத் தொகுத்து வைக்கும் கிரெடிட் பியூரோ சிங்கப்பூர் கொடுக்கும் ஸ்கோர் 1,000-லிருந்து 2,000 வரை, அதோடு ஏஏ முதல் எச்எச் வரை ஒரு தரம். இது தனி, அது தனி.

முதலில் "உங்கள் ரிப்போர்ட்டை எடுக்க வேண்டும்" என்று 88 வெள்ளி வாங்கினார்கள். அப்புறம் "பேக்கேஜ்" 1,200. பியூரோவுக்கு உள்ளே ஆள் இருக்கிறார், பழைய பதிவை மொத்தமாகத் தூக்கிவிடுவார், 30 நாளில் ஸ்கோர் ஏறும், ஏறாவிட்டால் பணம் வாபஸ் என்றார். அதெல்லாம் வாய்ப்பேச்சு. ரசீதில் எழுதியிருந்தது "நிதி ஆலோசனை" என்ற இரண்டு வார்த்தை மட்டும். போனிலேயே பணம் அனுப்பும் பேநவ் வழியாக அங்கேயே உட்கார்ந்து அனுப்பினேன். என் கணவர் வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினார். முன்பணம் கொடுத்த கான்ட்ராக்டரின் முகம்தான் என் கண் முன்னால் நின்றது.

இதைவிடப் பெரிய தப்பு அதற்கடுத்து நடந்தது. ரிப்போர்ட் எடுக்க என்று சொல்லி அவருடைய டேப்லட்டில் வந்த கியூஆர் கோடை என் சிங்பாஸ் செயலியால் (அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளச் செயலி) ஸ்கேன் செய்யச் சொன்னார். ஒரு முறை செய்தேன். "லைன் சரியில்லை அக்கா, இன்னொரு தடவை." இப்படி நான்கைந்து தடவை. என் போனில் என்ன வருகிறது என்று ஒழுங்காகப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்துக்கொண்டே இருந்தேன். நான்கு நிதி நிறுவனங்களில் என் பெயரில் கடன் விண்ணப்பம் போயிருக்கிறது என்பது மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. எது கிடைத்தாலும் அதில் அவருக்குக் கமிஷன். எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் கடன் கேட்டு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நிறுவனம் பியூரோவில் நம்மைப் பற்றி விசாரிக்கும், அந்த விசாரணை ரிப்போர்ட்டில் பதிவாகும், இரண்டு ஆண்டு வரை தெரியும். குறுகிய காலத்தில் நிறைய விசாரணை இருந்தால் இந்த ஆள் பணத்துக்கு அலைகிறார் என்றுதான் கணக்கு வரும், ஸ்கோரும் இறங்கும். ஸ்கோரை ஏற்றுகிறேன் என்று காசு வாங்கியவர் அதை இறக்கிவிட்டார். நம் ரிப்போர்ட்டை நாமே எடுத்துப் பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. அதற்குப் பயந்து நிறையப் பேர் பார்ப்பதே இல்லை, தயவுசெய்து பாருங்கள்.

30 நாள் முடிந்தது. போன் செய்தால் "பிராசஸ் நடக்கிறது அக்கா". இன்னும் பத்து நாள் கழித்து வேறு ராகம். "இன்னொரு 800 கட்டினால் வேகமாக முடியும், கையில் இல்லையென்றால் நமக்குத் தெரிந்த கடன் கொடுப்பவர் இருக்கிறார், இன்றைக்கே வாங்கித் தருகிறேன், அந்தக் கடன் வங்கி ரிப்போர்ட்டில் தெரியாது." உரிமம் பெற்ற கடன் கொடுப்பவர் மாதத்துக்கு 4 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், கடன் தொகையில் 10 விழுக்காடு வரை ஆரம்பக் கட்டணம் பிடிக்கலாம், தவணை தவறினால் மாதம் 60 வெள்ளி வரை அபராதம். சட்டப்படி நடப்பவரிடமே இவ்வளவு. அந்தக் கடன்கள் தனியாகக் கடன் கொடுப்போருக்கான பியூரோவில் பதிவாகின்றன, எங்கேயும் தெரியாது என்று நினைக்க வேண்டாம். எங்கள் அப்பா வட்டிக்குக் கடன் வாங்கிப் பட்ட பாட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான். அந்த வார்த்தையைக் கேட்டதும்தான் எனக்கு முழுசாக விழிப்பு வந்தது. போனை வைத்துவிட்டு டிராயரைத் திறந்து பழைய கடிதத்தை எடுத்தேன்.

இரண்டாவது பத்தியிலேயே இருந்தது. எந்த பியூரோவின் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்ற விவரம், கடிதத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அந்த ரிப்போர்ட்டை நான் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம் என்ற தகவல். கடன் கிடைத்தாலும் மறுத்தாலும் இந்த உரிமை உண்டு. 88 வெள்ளி கொடுத்து நான் வாங்கியது (வாங்கியதாக நினைத்தது, அந்தத் தாளை என்னிடம் காட்டவே இல்லை) எனக்குச் சும்மாவே கிடைத்திருக்க வேண்டியது. 30 நாள் தாண்டிவிட்டதால் இணையத்தில் சிங்பாஸ் வழியாக உள்ளே போய் நானே காசு கட்டி எடுத்தேன். பத்து வெள்ளிக்குள்தான். சில நிமிடத்தில் கையில் வந்துவிட்டது.

அதைப் பார்த்தபோதுதான் என் பிரச்சினை என்னவென்றே எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு கணக்குக்கும் எதிரே கடைசி 12 மாதத்துக்குக் கட்டம் கட்டமாக எழுத்து போட்டிருப்பார்கள். ஏ என்றால் ஒழுங்காகக் கட்டியது, பி என்றால் 30 நாள் தாண்டியது, சி 60 நாள், டி 90 நாளும் அதற்கு மேலும். என்னுடைய ஒரு கார்டில் ஏ, ஏ என்று போய்க்கொண்டிருந்து திடீரென்று பி, சி, அப்புறம் வரிசையாக ஐந்து டி. நான் உபயோகிப்பதே இல்லாத கார்டு. அதற்கு ஆண்டுக் கட்டணம் விழுந்திருக்கிறது. நாங்கள் செங்காங்கில் வாடகைக்கு இருந்தபோது கொடுத்த முகவரிக்கே பில் போயிருக்கிறது, போன் நம்பரையும் நான் மாற்றியிருந்தேன். தாமதக் கட்டணமும் வட்டியும் சேர்ந்து 870 வெள்ளி சொச்சம். தரமும் அடிமட்டம்.

மறுநாள் மதிய இடைவேளையில் வங்கிக் கிளைக்குப் போனேன். கவுன்டரில் இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார், மேலே எழுதிப் போட்டு தாமதக் கட்டணத்தில் பாதிக்கு மேல் தள்ளுபடி வாங்கிக் கொடுத்தார். 410 வெள்ளியோடு முடிந்தது. பாக்கி இல்லை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டேன், நீங்களும் வாங்காமல் வராதீர்கள். அந்த ஐந்து டியும் உடனே மறையவில்லை. மாதம் ஒன்றாகப் பின்னால் தள்ளப்பட்டுத்தான் வெளியே போகும், இன்னும் சில மாதம் ஆகும். நல்லவேளை, வாராக்கடன் என்று எழுதும் அளவுக்குப் போகவில்லை. அப்படி எழுதிவிட்டால் முழுசாகக் கட்டிய பிறகும் 3 ஆண்டு ரிப்போர்ட்டில் நிற்கும். திவாலானவர்களுக்கு அதிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகு 5 ஆண்டு.

இங்கேதான் அந்த மாடி வியாபாரத்தின் அடிப்படையே பொய் என்று எனக்குப் புரிந்தது. பதிவு உண்மையாக இருந்தால் யார் நினைத்தாலும் அழிக்க முடியாது, பியூரோவுக்கே அந்த அதிகாரம் இல்லை, அது வங்கிகள் அனுப்பும் தகவலைத் தொகுத்துத் தரும் இடம், கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதும் அது இல்லை. பதிவு தப்பாக இருந்தால் நாமே பியூரோவுக்கு எழுதலாம், அவர்கள் வங்கியிடம் விசாரித்துத் திருத்துவார்கள், நடுவில் ஆள் எதற்கு? கிரெடிட் பியூரோக்களுக்கு என்றே தனிச் சட்டம் இருக்கிறது, 2021 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது, சிங்கப்பூர் நாணய ஆணையம்தான் உரிமம் கொடுத்துக் கண்காணிக்கிறது. "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று எவராவது சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

பணத்தைக் கேட்டுப் போனபோது "அக்கா" எல்லாம் போய்விட்டது. "ஆலோசனை கொடுத்தோம், நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்" என்றார்கள். நான் முதலில் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போனேன். அவர்கள் வழியாகக் கடிதம் போனதற்குப் பதில் இல்லை. அப்புறம் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இணையம் வழியாகப் பதிவு செய்தேன். 20,000 வெள்ளி வரையுள்ள வழக்கை வக்கீல் இல்லாமல் நாமே பேசலாம், என் தொகைக்குக் கட்டணம் 10 வெள்ளி. எனக்கு உதவியது வாட்ஸ்அப்பில் அவர் கைப்பட அனுப்பியிருந்த ஒரு வரிதான்: "30 நாளில் ரெக்கார்ட் கிளியர், இல்லாவிட்டால் பணம் வாபஸ்." அதை அச்செடுத்து வைத்ததும் இறங்கி வந்தார்கள். 644 வெள்ளி திரும்பியது. முழுசுக்கும் போராடியிருக்கலாம், வேலையில் அதற்கு மேல் விடுப்பு கேட்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன், இந்த மாதிரி இடத்தில் எதைச் சொன்னாலும் "அண்ணே, அதை மெசேஜில் போட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள். போடத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

சிங்பாஸ் பற்றி மறுபடியும் சொல்லிவிடுகிறேன். மற்றவர் நீட்டும் திரையில் உள்ள கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். ஒப்புதல் கேட்கும்போது எந்த நிறுவனத்துக்கு எந்த விவரம் போகிறது என்று உங்கள் போனிலேயே எழுதியிருக்கும், அதைப் படியுங்கள், அவசரப்படுத்தினால் போனைப் பைக்குள் போடுங்கள். சந்தேகம் வந்தால் மோசடி பற்றிக் கேட்பதற்கான உதவி எண் 1799-க்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். உண்மையிலேயே கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அறநிறுவனம் இருக்கிறது, வங்கிகளோடு பேசித் தவணைத் திட்டம் போட்டுக் கொடுப்பவர்கள் அவர்கள். மாடியில் டீ வாங்கிக் கொடுப்பவர்கள் இல்லை.

அந்தத் தங்கச்சிக்கும் வங்கிக் கடிதம் வந்து 19 நாள்தான் ஆகியிருந்தது. நேற்று வேலை முடிந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து, அவள் போனிலேயே, காசு கட்டாமல் ரிப்போர்ட்டை எடுத்தோம். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் கட்டி முடித்த கடன் ஒன்று இன்னும் பாக்கி என்று நிற்கிறது. முடித்த ரசீது அவளிடம் இருக்கிறது, பத்திரமாக வைத்திருக்கிறாள். ராத்திரியே பியூரோவுக்கும் வங்கிக்கும் எழுதிப் போட்டுவிட்டு, சனிக்கிழமை அந்த மாடிக்கு வருவதாகச் சொல்லி வைத்திருந்ததை ரத்து செய்தாள்.