57 பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள், ஒரு ஆட்டோ: எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஐந்துக்கு நாலு

இரண்டாம் வகுப்பு முடித்த கையோடு மகளை டவுன் மெட்ரிக் பள்ளியிலிருந்து எடுத்து ஊரிலிருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்த்து ஒன்றரை வருடம் ஆகிறது. உசிலம்பட்டிப் பக்கம். குறையும் சொல்லப் போவதால் பள்ளியின் பெயர் வேண்டாம். ஃபீஸ் கட்ட முடியாமல்தான் மாற்றினேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏதோ கொள்கைக்காக மாற்றியது போல எழுதினால் என் வீட்டுக்காரியே சிரிப்பாள்.

மொத்தம் 57 பிள்ளைகள், ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டு டீச்சர்கள். நிறைய பேருடைய அப்பா அம்மா முறுக்குக் கம்பெனி வேலைக்கு ஆந்திரா, அதைத் தாண்டியும் போய்விட்டார்கள்; பிள்ளைகள் அப்பத்தா வீட்டிலோ அம்மாச்சி வீட்டிலோ வளர்கிறார்கள். ஏழு பேர் மூன்று கிலோமீட்டர் தள்ளி செங்கல் காளவாசலில் இருந்து வருகிறவர்கள். புத்தகம், நோட்டு, சீருடை, பை, செருப்பு எல்லாம் அரசாங்கமே கொடுத்துவிடுகிறது. காலைச் சாப்பாடும் உண்டு. அந்தத் திட்டமே 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் பள்ளியில்தான் தொடங்கியது, எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு 2023 ஆகஸ்டில் வந்தது. சமைப்பது மகளிர் குழுப் பெண்கள். அவர்களின் பிள்ளைகளும் அதே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவதால் பொங்கலில் கல் கிடப்பதில்லை.

அதற்கு மேல் கையில் வரும் பணத்தை என்ன செய்கிறார்கள் என்பதுதான் நான் பார்த்த விஷயம், ஏனென்றால் போன வருடம் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் போட்டுவிட்டார்கள். பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்து வரும், 30 பேருக்கு மேல் 100 பேர் வரையுள்ள எங்களைப் போன்ற பள்ளிக்கு வருடத்துக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கையாவது சுத்தம், சுகாதாரத்துக்குச் செலவழிக்க வேண்டும். மிச்சத்தில் சாக்பீஸ், கரண்ட் ரிப்பேர், ஓட்டை ஓடு என்று போய்விடும். வேறு எதுவும் செய்ய முடியாது. உண்மையான கூடுதல் பணம் என்பது திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவரும் அவருடைய கூட்டாளிகளும் சேர்ந்து மாதாமாதம் போடும் 8,000.

இதில் 4,000 ஆட்டோவுக்கு. காளவாசல் பிள்ளைகளைக் கூட்டி வந்து கொண்டுபோய் விட. முதலில் இது வீண் என்று கூட்டத்தில் வாதாடியவன் நான்தான், ஏழு பேருக்காக பாதிப் பணமா, அதற்கு எல்லோருக்கும் ஆளுக்கொரு டிக்‌ஷனரி வாங்கலாமே என்றேன். பெரிய டீச்சர் எதுவும் பேசாமல் வருகைப் பதிவேட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். அந்த ஏழு பேரில் ஒருத்தருக்கும் வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் வருகை இல்லை, சூளையில் தீ வைக்கிற வாரம் என்றால் சுத்தமாக இல்லை. தம்பிப் பாப்பாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். சரி, ஆட்டோ வாசலில் வந்து ஹாரன் அடித்தால் அனுப்பித்தானே ஆக வேண்டும். இப்போது மழை நாள் தவிர ஏழு பேரும் வருகிறார்கள், அந்தத் தம்பிப் பாப்பாவும் சில நாள் ஆட்டோவில் ஏறி வந்து அங்கன்வாடியில் இறங்கிக்கொள்கிறது!

இன்னொரு 3,000 சாயங்கால வகுப்புக்கு. அரசாங்கத்தின் இல்லம் தேடிக் கல்வி சாயங்கால வகுப்பு எங்கள் தெருவில் நின்றுபோன பிறகு, அதை நடத்திக்கொண்டிருந்த பி.எஸ்ஸி. முடித்த பெண்ணையே பிடித்து, ஐந்திலிருந்து ஆறரை வரை பள்ளிக்கூடத் திண்ணையில் உட்கார வைத்திருக்கிறார்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் எவ்வளவு படிக்கத் தெரிகிறது என்று பார்த்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பார்கள் இல்லையா, அதில் அரும்பிலேயே நிற்கிறவர்களுக்குத்தான் இங்கே முதல் இடம். ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ பாட்டை அபிநயத்தோடு பாடத் தெரிந்த என் மகள், தமிழில் ‘பம்பரம்’ என்று எழுத்துக்கூட்டத் தெரியாமல் அரும்பில்தான் உட்கார்ந்தாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தல்தான். ஆறு மாதத்தில் மொட்டு.

மீதி ஆயிரம் சுண்டலுக்கும், கண்ணாடி உடைந்தவனுக்குக் கண்ணாடி போன்ற சில்லறைச் செலவுக்கும்.

எல்லாமே சரியாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். போன வருடம் யாரோ ஸ்வெட்டர் கொடுத்தார்கள். இறைவணக்கத்தில் ‘வசதி குறைந்த பிள்ளைகள்’ என்று ஒவ்வொரு பெயராக வாசித்து, மேடைக்கு அழைத்து, கொடுத்தவரோடு போட்டோ. நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் வாங்கிய ஸ்வெட்டரை ஒரு நாளும் போடவில்லை, பனிக்காலம் முழுக்க நடுங்கிக்கொண்டே வந்தான். கேட்டால் சின்னதாய் இருக்கிறதாம். சின்னதெல்லாம் இல்லை. அடுத்த கூட்டத்தில் அவனுடைய அப்பத்தா, வழக்கமாக வாயே திறக்காதவர், “எம்பேரன் பேரை மைக்கில சொல்லாதீக டீச்சர்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. பெரிய டீச்சர் அங்கேயே மன்னிப்புக் கேட்டார், அதற்கு இரண்டு மதிப்பெண் கூடக் கொடுக்கலாம். அப்புறம் எது வந்தாலும் வகுப்பு முழுவதற்கும், இல்லையென்றால் சாயங்காலம் பையில் வைத்து வீட்டுக்கு. போட்டோ கேட்கிறவர்களுக்குக் கட்டடத்தை எடுத்து அனுப்புகிறார்கள்.

நான் வெட்டிய ஒரு மதிப்பெண் கழிப்பறைக்கு. கட்டடம் இருக்கிறது, கதவு இருக்கிறது, மோட்டார் நாலு மாதமாக ஓடவில்லை. பெண்பிள்ளைகள் மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்கள். அதே நேரத்தில் சுற்றுச்சுவரில் ரயில் வண்டி மாதிரி பெயின்ட் அடித்தாகிவிட்டது, அதை அடிக்கத்தான் ஒருத்தர் காசு கொடுத்தார் என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஊர்க்காரர்கள் பள்ளிக்குச் சீர்வரிசை போலப் பொருள் கொடுக்கும் கல்விச் சீர் என்று மேளதாளத்தோடு தட்டு ஏந்தி ஊர்வலம் வந்ததில் கிடைத்தது ஒரு டிவி, நாலு ஃபேன், மூன்று பீரோ. ஃபேன் சுற்றுகிறது. டிவி ஒரு பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

வெளியூரில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் அடுத்த கல்விச் சீருக்குக் கிளம்பும் முன்னால் பெரிய டீச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். போன வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் எழுதிய பட்டியல் என்னிடம் இருக்கிறது: மோட்டார் காயில் கட்ட 2,800, வாளி நாலு, ஆட்டோவுக்கு மழைக்காலத் தார்ப்பாய் ஒன்று. பீரோ வேண்டாம்.