கான்கிரீட் ஸ்கேரிஃபையர்: இன்ஜினைப் பார்க்கும் முன் டிரம்மைத் திறந்து பாருங்கள்

ஸ்கேரிஃபையர் என்பது கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பைக் கொத்தி எடுக்கும் மெஷின். தள்ளிக்கொண்டே ஓட்டும் 200 மி.மீ. அகல ஸ்கேரிஃபையர் பற்றியது இந்த மதிப்பீடு. வாடகைக்குக் கிடைப்பதும் முதன்முதலில் சொந்தமாக வாங்குவதும் பெரும்பாலும் இந்த அளவுதான். மேலே எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே அமைப்பு ஏறக்குறைய ஒன்றே: பெட்ரோல் இன்ஜின் அல்லது மின்மோட்டார், வி-பெல்ட், கட்டர்கள் கோத்த ஒரு டிரம், ஆழம் வைக்கும் திருகுப்பிடி, தூசி உறிஞ்சும் குழாய்க்கு ஒரு வாய். அதனால் ஒரு கம்பெனியை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்தப் போவதில்லை. எந்த மெஷின் கைக்கு வந்தாலும் அது என்ன செய்யும், எங்கே கெடும், ஏன் கெடும் என்று பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தளத்திலிருந்து 2, 3 மி.மீ. எடுக்க வேண்டும், பழைய பெயிண்ட் கோடுகளை அழிக்க வேண்டும், இரண்டு ஸ்லாப் சேரும் இடத்தில் தடுக்கி விழவைக்கும் மேட்டைச் சரிக்க வேண்டும், புது ஸ்கிரீட் (தளத்தை மட்டமாக்க மேலே போடும் சாந்து அடுக்கு) பிடிப்பதற்குச் சொரசொரப்பு வேண்டும் என்றால், இந்த விலையிலும் எடையிலும் இதற்கு நிகரான மெஷின் கிடையாது. மெல்லிய எபாக்ஸி கோட்டிங் அடிக்கப்போகும் தளத்துக்கு இது தவறான தேர்வு. இதைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பகுதி இரண்டே காரணங்களால் வருகிறது: ஆழப்பிடியை அளவுக்கு மீறி இறக்குவது, தேய்ந்த கட்டரோடு ஓட்டுவது.

டிரம் எப்படி வேலை செய்கிறது

டிரம்மின் விளிம்பை ஒட்டிப் பொதுவாக நான்கு அல்லது ஆறு ஷாஃப்ட்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் நட்சத்திர வடிவ கட்டர்கள், நடுவே வாஷர்கள். கட்டரின் துளை ஷாஃப்டைவிட நன்றாகவே பெரிது; கையில் பிடித்தால் தொளதொளவென்று ஆடும். முதன்முறை பார்ப்பவர்கள் தேய்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். அந்தத் தளர்ச்சியை வேண்டுமென்றேதான் வைத்திருக்கிறார்கள். டிரம் சுழலும் வேகத்தில் கட்டர்கள் வெளிப்பக்கம் வீசப்படும். தளத்தில் மோதி, பின்வாங்கி, கொஞ்சம் திரும்பி, மறுபடி அடிக்கும். உளியால் பொளிவதைப் போன்ற வேலை இது, ஆனால் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான அடிகள்.

இது மனதில் பதிந்தால் ஆழம் வைப்பது தானாகப் புரியும். கட்டரின் நுனி தளத்தைத் தொட்டு அடிக்கும் அளவுக்கு டிரம் இறங்கினால் போதும். அதற்குமேல் இறக்கினால் கட்டருக்கு வீசுவதற்கு இடமில்லை. மெஷினின் முழு எடையும் கட்டர்கள்மேல் உட்காரும். அடி தளத்துக்குப் போகாமல் ஷாஃப்டுக்குத் திரும்பும். மெஷின் துள்ளும், தளத்தில் அலை அலையாகப் பள்ளம் விழும், ஷாஃப்டில் வளையம் வளையமாகக் குழி விழும், டிரம் தட்டில் ஷாஃப்ட் நுழையும் துளைகள் முட்டை வடிவமாகிவிடும். துளை அப்படி ஆனபின் டிரம்மையே மாற்ற வேண்டும். மெஷினிலேயே விலை கூடிய பாகங்களில் அது ஒன்று. ஆழம் போதவில்லை என்று தோன்றினால் இன்னொரு முறை ஓட்டுங்கள். 6 மி.மீ. எடுக்க இரண்டு மூன்று ஓட்டம் ஆகட்டும். ஒரே ஓட்டத்தில் முயல வேண்டாம்.

கட்டர் தேர்வும் கோப்பும்

கட்டர்களில் மூன்று வகை போதும். டங்ஸ்டன் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் நுனி வைத்த ஐந்து அல்லது ஆறு முனைக் கட்டர்தான் பொது வேலைக்கு. கான்கிரீட்டைக் கொத்த இதுதான், பல நாள் வேலைக்குத் தாக்குப்பிடிப்பதும் இதுதான். முழுக்க எஃகில் செய்த கட்டர் விலை குறைவு, ஆனால் சில மணி நேரத்தில் முனை மழுங்கும். ஒட்டியிருக்கும் கிரீஸ் அழுக்கு, மெல்லிய பெயிண்ட், பனிக்கட்டி மாதிரி மேலோட்டமாகச் சுரண்டும் வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது மில்லிங் கட்டர். தெர்மோபிளாஸ்டிக் (சூட்டில் இளகும் பிளாஸ்டிக்) சாலைக்கோடு, நீர் கசியாமல் தடுக்கப் போட்டு ரப்பர் போல இழுபடும் பழைய மெம்பரேன் போன்றவற்றை அடித்துப் பெயர்க்க முடியாது. சாதாரணக் கட்டர் அவற்றை உருக்கித் தளமெங்கும் பூசிவிடும். மில்லிங் கட்டரின் விளிம்பு சீவி எடுக்கும். அதற்கும் மசியாத கெட்டிப் பசைக்கு வேறு மெஷின்தான் வழி.

200 மி.மீ. டிரம்மில் கட்டரின் தடிமனைப் பொறுத்து 40 முதல் 70 கட்டர் வரை வரும். கோக்கும்போது கவனிக்க வேண்டியவை பல. அடுத்தடுத்த ஷாஃப்டில் கட்டர்கள் ஒரே கோட்டில் வரக்கூடாது. ஒரு ஷாஃப்டில் வாஷர் இருக்கும் இடத்தில் அடுத்ததில் கட்டர் வரவேண்டும். இல்லாவிட்டால் தளத்தில் உழுத சால் மாதிரி வரிகள் விழும், நடுவில் பழைய பெயிண்ட் அப்படியே நிற்கும். எதிரெதிர் ஷாஃப்டில் கட்டர் எண்ணிக்கை சமமாக இருக்கட்டும், இல்லையேல் டிரம் உதறும். கடைசி வாஷருக்கும் டிரம் தட்டுக்கும் இடையே ஒரு வாஷர் தடிமன் அளவு இடைவெளி விடுங்கள். நெருக்கிக் கோத்தால் கட்டர்கள் சுழலாது. ஒரே முனை தேய்ந்து மற்ற முனைகள் புதிது போலவே இருக்கும். தேய்ந்த டிரம்மைத் திறந்து பார்த்தால் இந்தத் தவறு உடனே தெரிந்துவிடும்.

கட்டர் மாற்றும்போது ஷாஃப்டையும் மாற்றுவதே புத்திசாலித்தனம். பழைய ஷாஃப்டின் குழிகளில் புதுக் கட்டர் மாட்டிக்கொண்டு, தேய்மானம் வேகமாகும். வேலை நடுவே ஷாஃப்ட் முறிந்தால் அந்த வரிசைக் கட்டர்கள் முழுதும் மூடிக்குள் சிதறும். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மெஷினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி அல்லது மின்இணைப்பைத் துண்டித்து, டிரம்மைப் பாருங்கள். கட்டர் கோத்த இன்னொரு டிரம் தயாராக இருந்தால், பக்கத்தட்டைக் கழற்றி உருவிப் போட்டுவிட்டு உடனே வேலையைத் தொடரலாம். பெரிய தளத்துக்கு இந்த இரண்டாவது டிரம்தான் முதலில் வாங்க வேண்டிய உதிரி.

எந்த அளவு சொரசொரப்பு கிடைக்கும்

சர்வதேச கான்கிரீட் பழுதுநீக்கக் கழகம் தளத்தின் சொரசொரப்பைச் சி.எஸ்.பி. (கான்கிரீட் சர்ஃபேஸ் புரொஃபைல்) என்ற அளவுகோலில் 1 முதல் 10 வரை வகுத்திருக்கிறது. அதன் 2013-ஆம் ஆண்டு வழிகாட்டியில் டைமண்ட் கிரைண்டருக்குக் கீழ்ப்படிகள், ஸ்கேரிஃபையருக்கு ஏறக்குறைய 4 முதல் 7 வரை. ரப்பர் அச்சாக விற்கும் மாதிரித் தட்டுகளைத் தளத்தின் பக்கத்தில் வைத்து, கண்ணாலும் விரலாலும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். இந்த எண்ணின் நடைமுறை அர்த்தம் இதுதான்: 3 மி.மீ.க்கு மேல் தடிமன் உள்ள ஸ்கிரீட், பாலிமர் மார்ட்டர், தானே பரவி மட்டமாகும் செல்ஃப் லெவலிங் கலவையின் கெட்டியான அடுக்கு ஆகியவை இந்த வரிகளை மூடிவிடும். அரை மில்லிமீட்டர் கோட்டிங் மூடாது. ஸ்கேரிஃபையர் போன ஒவ்வொரு வரியும் பளபளப்பான எபாக்ஸியில் அப்படியே தெரியும். அந்த வேலைக்கு டைமண்ட் கிரைண்டர் அல்லது ஷாட் பிளாஸ்டர் (சிறு எஃகுக் குண்டுகளை வீசித் தளத்தைச் சுரண்டும் மெஷின்) எடுங்கள்.

இன்னொரு குறை கண்ணுக்குத் தெரியாது. அடித்துப் பெயர்க்கும் எந்த மெஷினும் எஞ்சி நிற்கும் கான்கிரீட்டில் மயிரிழை வெடிப்புகளை விடும். மேலே போட்ட ஸ்கிரீட் நன்றாக ஒட்டியிருக்கும். ஆனால் ஒட்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கீழே, நொறுங்கிய கான்கிரீட்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும். பசையைக் குறைசொல்லிப் பயனில்லை. பளு தாங்க வேண்டிய தளமானால் ஸ்கேரிஃபையருக்குப் பின் ஷாட் பிளாஸ்ட் அல்லது உயர் அழுத்தத் தண்ணீர் பாய்ச்சி அந்த நொறுங்கிய அடுக்கை எடுத்துவிட வேண்டும். பிறகு, தளத்தில் ஒரு வட்டை ஒட்டி, பெயரும்வரை இழுக்கும் இழுவிசைச் சோதனை செய்து பார்க்க வேண்டும். அதற்கான ஏ.எஸ்.டி.எம். சோதனைத் தரங்கள்: கோட்டிங்குக்கு டி 7234, மேலடுக்குக்கு சி 1583. உடைந்த வட்டில் எந்த அடுக்கில் பிரிந்திருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைவிட அது அதிகம் சொல்லும்.

ஓட்டும் முறை

முதலில் தளத்தைச் சுத்தியலால் தட்டிக் கேளுங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தை ஸ்கேரிஃபையர் சரிசெய்யாது; வெட்டி எடுத்து அடைக்க வேண்டும். நீட்டிக்கொண்டிருக்கும் ஆங்கர் போல்ட், கம்பி, ஜாயிண்டில் பதித்த இரும்புப் பட்டை எல்லாவற்றையும் சாக்பீஸால் வட்டமிடுங்கள். ஒரு போல்ட்டில் மோதினால் ஒரு வரிசைக் கார்பைடு நுனிகள் போய்விடும். கம்பி மேலாக இருக்கும் என்ற சந்தேகம் இருந்தால் கான்கிரீட்டுக்குள் கம்பி எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று காட்டும் கவர் மீட்டர் வைத்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடத்தை முதலில் டீகிரீசர் போட்டுக் கழுவுங்கள். பழைய பெயிண்டில் ஈயம், பழைய தரைப்பசையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பிருந்தால், சோதனை முடிவு வரும்வரை மெஷினைத் தொடவே கூடாது.

இன்ஜினை எப்போதும் டிரம் தூக்கிய நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். முழு வேகம் வந்தபின் டிரம்மைத் தூக்கிப் பிடிக்கும் லீவரை மெதுவாக விட்டு, திருகுப்பிடியைச் சிறிது சிறிதாக இறக்குங்கள். கட்டர் தளத்தைத் தொடும்போது சத்தம் மாறும். அதிலிருந்து பிடியைக் கால் சுற்று திருப்பி இறக்கி ஒரு மீட்டர் ஓட்டி, மட்டப்பலகை வைத்து ஆழத்தை அளந்து, பிறகு பிடியைப் பூட்டுங்கள். ஓடும் டிரம்மை ஓரிடத்தில் நிறுத்தினால் நொடியில் குழி விழும். திரும்பும்போதும் நிற்கும்போதும் லீவரால் டிரம்மைத் தூக்கியே ஆகவேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தையதை 25 மி.மீ. அளவுக்கு ஏறிப்போகட்டும். இரண்டாவது ஓட்டம் குறுக்காக. முதல் ஓட்டத்தின் மேடுகளை அது அடித்துச் சமமாக்கும்.

3 மி.மீ. ஆழத்தில் மணிக்கு 20 முதல் 35 சதுர மீட்டர் என்று கணக்கு வைக்கலாம். கருங்கல் ஜல்லி போட்ட பழைய கெட்டிக் கான்கிரீட்டில் கீழ் எண்ணுக்கும் கீழே போகும். சுவரோரம் சுமார் 50 முதல் 100 மி.மீ. வரை மெஷின் எட்டாது. அதைக் கப் வீல் (கிண்ண வடிவத் தேய்ப்புச் சக்கரம்) மாட்டிய கை கிரைண்டரால் முடிக்க வேண்டும். இந்த ஓர வேலைக்குப் பலர் நேரமே ஒதுக்குவதில்லை. சிறிய அறைகளில் அது பாதி நாளை விழுங்கும்.

குப்பையின் கணக்கையும் முன்பே போடுங்கள். 100 சதுர மீட்டரில் 3 மி.மீ. எடுத்தால் 0.3 கன மீட்டர் கான்கிரீட், அதாவது சுமார் 720 கிலோ. தூளானபின் கன அளவு இன்னும் பெருகும். சாக்கும் வண்டியும் அதற்கேற்றபடி.

தூசி, சத்தம், அதிர்வு

இங்கே சமரசமே வேண்டாம். கான்கிரீட் தூசியில் படிகச் சிலிக்கா இருக்கிறது. வேலையிடத்தில் அதைச் சுவாசிப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-லேயே முதல் பிரிவில் வகைப்படுத்தியது. நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸுக்கு மருந்தில்லை. மெஷினின் தூசிவாயில் மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் கொண்ட தொழில்முறை வாக்குவம் மாட்டாமல் ஓட்டவே கூடாது. வீட்டு வாக்குவமின் ஃபில்டர் நிமிடங்களில் அடைத்துவிடும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பாவாடை கிழிந்திருந்தால் எந்த வாக்குவமும் பயன் தராது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் சுவாசக் கவசம் அதற்கு மேலும் வேண்டும். தண்ணீர் தெளித்து ஓட்டினால் தூசி அடங்கும். ஆனால் அந்தச் சேறு காய்ந்தால் கான்கிரீட்டின் மேல் படிந்திருக்கும் பலவீனமான சிமெண்ட் பாலைப் போலவே தளத்தில் படிந்து ஒட்டைக் கெடுக்கும். ஈரமாக இருக்கும்போதே அதை அள்ளிவிடுங்கள்.

காதுக்கவசம் கட்டாயம். அதிர்வு விரல்களை மரத்துப்போக வைக்கும், நாளடைவில் விரல்நுனி வெளுக்கும் நோயாகும். கைப்பிடியின் ரப்பர் தாங்கிகள் விறைத்திருந்தால் மாற்றுங்கள், ஆட்களை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். மூடிய அறையில் பெட்ரோல் இன்ஜின் வேண்டாம். கதவைத் திறந்து வைத்தாலும் கார்பன் மோனாக்சைடு தேங்கும். மின்மோட்டார் மெஷினுக்கு நீளமான மெல்லிய ஒயர் போட்டால் மின்னழுத்தம் விழுந்து மோட்டார் சூடாகி நின்றுவிடும். கெட்டியான ஒயர், முடிந்த அளவு குட்டையாக.

வாடகைக்கு எடுக்கும் முன்

பக்கத்தட்டைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறிடம் பாருங்கள். ஒவ்வொரு ஷாஃப்டையும் விரலால் தடவி, குழி இருக்கிறதா என்று பாருங்கள். டிரம் தட்டின் துளைகள் வட்டமாக இருக்கின்றனவா, கட்டர்கள் எல்லாம் சுலபமாகச் சுழல்கின்றனவா என்று பாருங்கள். டிரம்மைக் கையால் சுற்றினால் பேரிங் கரகரக்கக் கூடாது. பெல்ட்டின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்கலாம். அதற்குமேல் தொய்ந்தால் பளு ஏறும்போது வழுக்கும், இன்ஜின் ஓடும், டிரம் நிற்கும். இரண்டு சக்கரமும் ஒரே அளவில் தேய்ந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் டிரம்மின் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகப் போகும், எந்தத் திருப்பு திருப்பினாலும் சரியாகாது.

கட்டர் தேய்மானத்துக்குத் தனியாகப் பணம் கேட்பது பல இடங்களில் வழக்கம். எடுக்கும்போதே கட்டரின் விட்டத்தை வெர்னியரால் இரண்டு மூன்று இடத்தில் அளந்து, கொடுப்பவர் முன்னிலையில் எழுதி, படமும் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தரும்போது அதே கட்டர்களை மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.