தையல் அறையும் தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியும்

கல்முனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் என் மச்சாள் சென்ற கிழமை தொலைபேசியில் அழைத்தார். மின்சார வேலைக்கு ஆள் வந்து நிற்பதாகவும், பின்னறையைத் தையலுக்கு ஒதுக்குவதென்றால் விசிறிக்கான கொக்கியை எந்த இடத்தில் போடச் சொல்வது என்றும் கேட்டார். வேலையாளை நிறுத்தி வைத்துக்கொண்டு கேட்டதால் என்னால் அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. உண்மையில், மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டின் பின்னறையைத் தையல் அறையாக மாற்றிய 2021ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை எனக்கும் அந்த அறைக்கும் இடையே தீராமல் இருக்கும் ஒரே வழக்கு இந்த விசிறி வழக்குதான். தையல் தெரிந்தவர்களுக்கு மெஷினைப் பற்றியும் நூலைப் பற்றியும் நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. ஆகவே வழக்கை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

நான் தைப்பது பெரும்பாலும் துண்டுத் துணிப் போர்வைகள். மட்டக்களப்பு வெக்கையில் போர்வை எதற்கு என்று கேட்காதவர்கள் குறைவு. கனடாவிலும் இலண்டனிலும் பிறக்கும் எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு அனுப்புபவற்றுக்கு மட்டுமே நடுவில் பஞ்சு விரிப்பு வைக்கிறேன். இங்கே பாவிப்பதற்கு, தோய்த்துத் தோய்த்து மெலிந்த பழைய பருத்திச் சேலையை இரண்டாக மடித்து நடுவில் வைத்தால் போதும். மார்கழி, தை மாதங்களில் வாடைக்காற்று வீசும் இரவுகளுக்கு அதுவே தாராளம். துணியைப் பொறுத்தவரை, ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சி நிறுத்து விற்கப்படும் வெட்டுத் துண்டுகளும், மருதமுனைக் கைத்தறிச் சாரங்களின் மிச்சங்களுமே என் முதல். கைத்தறித் துணியின் வெட்டு விளிம்பு எளிதில் பிசிறிப் போகும் என்பதால், வழக்கமான கால் அங்குலத் தையல் விளிம்பை விட்டு, அதற்கு மட்டும் அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விட்டுத் தைக்கிறேன். வெட்டுவதற்கு முன் ஒருமுறை தண்ணீரில் ஊறவைத்துச் சாயமும் சுருக்கமும் போகவிடுவதும் அவசியம்.

இனி வழக்கு. எங்கள் பக்கத்து வீடுகளில் விசிறிக் கொக்கி அறையின் நட்டநடுவில்தான் இருக்கும். படுக்கைக்கும் அதுதான் சரி, விருந்தினருக்கும் அதுதான் சரி. தைப்பவருக்கு அதைவிடத் தவறான இடம் கிடையாது. என் அறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. விசிறி 56 அங்குலம். குறுக்கே கணக்குப் பார்த்தால் இறக்கை நுனிக்கும் சுவருக்கும் இடையே இரண்டடி எட்டங்குலம்தான் மிஞ்சுகிறது. துணி வெட்டும் மேசைக்கு மூன்றடி அகலமாவது வேண்டும். ஆக, மேசையை நீளச் சுவர்களில் எதனோடு ஒட்டிப் போட்டாலும் அதன் விளிம்பு விசிறியின் வட்டத்துக்குள் வந்தே தீரும். வட்டத்துக்கு வெளியே தப்பும் பகுதிக்கும், கீழே இறங்கிச் சுவரில் மோதித் திரும்பும் காற்று வந்து சேரும்.

இரண்டரை அங்குலச் சதுரங்களாக வெட்டிய துண்டுகளை நிற வரிசையில் அடுக்கி வைத்துவிட்டு ஆளியைப் போட்டுப் பாருங்கள். மேலே இருக்கும் துண்டின் ஒரு மூலை முதலில் மெல்ல எழும்பும், விழும், மறுபடி எழும்பும். நீங்கள் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த அடுக்கிலிருந்து நாலைந்து சேர்ந்து கிளம்பி மேசைக்கடியில் போயிருக்கும். விசிறியின் வேகக் குமிழில் ஐந்து எண்கள் இருக்கின்றன. ஒன்றில் வைத்தால் இறக்கைகளை எண்ணலாம், காற்று வராது. இரண்டில் வைத்தால் வியர்வை காயாது, ஆனால் துணி பறக்கும். மூன்றுக்கு மேல் நான் அந்த அறையில் போனதே இல்லை. துண்டுகளைக் குனிந்து பொறுக்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மெஷின் பாதத்துக்குள் நுழையும் அந்த நொடியில் மேல் துணியின் முனையைக் காற்று மடித்துவிடுவதுதான் பெருந்தொல்லை. ஒரு தையலில் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு விலகினால், பதினாறு தையல் தாண்டும்போது ஒரு முழு அங்குலம் போய்விடும். போர்வையின் ஒரு பக்கம் நீண்டும் மறுபக்கம் குறைந்தும் நிற்பதற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

வெளிச்சத்திலும் அது கைவைக்கிறது. முகட்டுக் குழல்விளக்கு விசிறிக்கு மேலே இருப்பதால் இறக்கைகளின் நிழல் ஊசியின்மேல் வெட்டி வெட்டி ஓடுகிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது தலையிடி வராமல் எழும்பியதில்லை. மெஷினுக்கு இடப்பக்கச் சுவரில் தாழ்வாக ஒரு எல்ஈடி விளக்கைப் பொருத்திய பிறகு இந்தத் தொல்லை மட்டும் ஒருவாறு தீர்ந்தது.

விசிறியை நிறுத்திவிட்டு யன்னலைத் திறந்தால் என்ன என்பது நியாயமான கேள்விதான். யன்னல் மேற்குப் பக்கம், வாவியை நோக்கியது. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது; அது வந்தால் விசிறி செய்யும் அட்டகாசம் ஒன்றுமில்லை என்றாகிவிடும், போதாதற்குப் புழுதியும் சேர்ந்துவரும். ஒவ்வொரு தையலையும் மின்னழுத்தியால் அழுத்தித்தான் அடுத்த தையலுக்குப் போக வேண்டும் என்பதால், வெளி வெக்கையோடு உள் வெக்கையும் கூடும். யன்னலை மூடிவிட்டு விசிறியும் இல்லாமல் இருந்தால் நெற்றி வியர்வை துணியில் சொட்டும். வெளிர் நிறத் துணியில் அந்தக் கறை உடனே தோய்த்தாலொழியப் போகாது.

விசிறிக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். 2022ஆம் ஆண்டு மார்ச் கடைசியில் நாட்டில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது, என் அம்மாவின் பழைய சிங்கர் கால் மெஷின்தான் எனக்குக் கைகொடுத்தது. அந்த நாட்களில் ஒரு துண்டும் பறக்கவில்லை. அடுக்கி வைத்தவை வைத்தபடியே இருந்தன. நான் இதுவரை தைத்தவற்றில் மூலைகள் ஒன்றோடொன்று மிகச் சரியாகப் பொருந்திய போர்வை அப்போது தைத்ததுதான். ஆனால் விடிய எழும்பித் தைக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் மெஷினை விட்டு எழுந்துவிட வேண்டியிருந்தது. பகல் பத்து மணிக்குப் பின் அந்த அறையில் விசிறியின்றி இருக்க முடியாது என்பதையும் அந்த மின்வெட்டே எனக்குக் காட்டித் தந்தது. ஆகவே விசிறி வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கில்லை.

பரிகாரங்களில் முதலாவது, நிலத்தில் வைக்கும் சிறிய விசிறி. மேல் விசிறியை நிறுத்திவிட்டு, கதிரைக்குப் பின்னால் முதுகைப் பார்த்தபடி தாழ்வாக வைத்தால் உடம்புக்குக் காற்று வரும், மேசைக்கு வராது. இது நல்ல ஏற்பாடு என்றே நினைத்திருந்தேன்; ஒருநாள் பெரிய நூற்கூம்பிலிருந்து கழன்று தொங்கிய நூல்முனை கம்பிவலைக்குள் இழுபட்டு, நான் கவனிப்பதற்குள் விசிறியின் அச்சில் கட்டையாகச் சுற்றிக்கொண்டது. அதைக் கழற்றி, சிறிய கத்தரிக்கோலால் வெட்டி வெட்டி எடுக்க ஒரு பின்னேரம் போனது. இப்போதெல்லாம் நூற்கூம்பை ஒரு போத்தலுக்குள் வைத்துத்தான் ஓடவிடுகிறேன்.

இரண்டாவது பரிகாரம் நான் எதிர்பாராத விதமாகக் கிடைத்தது; இந்த அறையில் எனக்கு மிகப் பிடித்த பொருளும் அதுதான். வீச்சுவலையின் விளிம்பில் கோர்க்கும் சிறிய ஈயக் குண்டுகளை மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகளில் வாங்கலாம். ஒரு கைப்பிடி அளவு எடுத்து, மிஞ்சிய கைத்தறித் துண்டில் உள்ளங்கை அகலப் பை ஒன்று தைத்து, உள்ளே போட்டு மூடிவிட்டேன். ஈயம் துணியில் கறுப்பாகப் பிடிக்கும், உடம்புக்கும் ஆகாது. எனவே பையை இரட்டைத் துணியில் தைப்பதும், கையைக் கழுவிக்கொள்வதும், சிறுபிள்ளைகளுக்கு எட்டாமல் வைப்பதும் கட்டாயம். இந்தப் பைகளை ஒவ்வொரு அடுக்கின் மேலும் வைத்தால் விசிறி மூன்றில் ஓடினாலும் ஒன்றும் அசையாது. துணிமேல் வெட்டுக் கடதாசியை விரித்து, குண்டூசி குத்தாமல், நாலு மூலையிலும் பையை வைத்தே வெட்டலாம். வெளியூர்க் கடைகளில் இதற்கென்றே அழகான எடைக்கற்கள் விற்கிறார்கள்; எங்கள் வாவிக்கரைப் பை அவற்றுக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

எல்லாத் துண்டுகளையும் பரப்பி நிறம் பார்ப்பதற்குச் சுவரில் பஞ்சுத்துணி அடித்து ஒட்டவைப்பார்கள். விசிறி இருக்கும் அறையில் அது நடக்காத காரியம். நான் அவற்றைக் கட்டிலில் பரப்பி, மேலே பழைய நுளம்பு வலையை விரித்து, நான்கு பக்கமும் மெத்தைக்கடியில் செருகிவிடுகிறேன். நிறமும் தெரியும், துண்டும் நகராது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வெட்டும் மேசை 36 அங்குல உயரம் இருக்க வேண்டும். தச்சர் தன் வழக்கப்படி 30 அங்குலத்தில் செய்துவிட்டுப் போனதால், கால்களுக்கடியில் மரக்கட்டை வைத்து உயர்த்திய பிறகே இடுப்பு நோவு விட்டது. வெட்டும்போது துணிக்கடியில் போடும் விரிப்பை மேற்கு வெயிலோ மின்னழுத்தியோ தொடும் இடத்தில் வைத்தால் நெளிந்துவிடும், நெளிந்தது நிமிராது. ஜப்பானிலிருந்து வரும் பாவித்த மின் மெஷின்கள் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் அவை 100 வோல்ட்டுக்கானவை, எங்களுடையது 230 வோல்ட் என்பதால் நடுவில் மின்மாற்றி இல்லாமல் செருகினால் அன்றோடு சரி. எண்ணெய்க்குத் தேங்காயெண்ணெய் வேண்டாம்; அது நாளடைவில் பிசினாக இறுகிவிடும். கடலுக்கும் வாவிக்கும் நடுவிலிருக்கும் கல்லடியில் மழைக்காலத்தில் குண்டூசி துருப்பிடிக்கும் வேகம் சொல்லி மாளாது. துணியில் குத்திய ஊசியை இரவுக்கு விட்டுவைக்காதீர்கள். லாச்சிகளுக்குப் பெயரொட்டி வைப்பது பார்வைக்கு அழகு, அவ்வளவே. நான் வைத்ததில் பாதிப் பெயர்கள் இப்போது பொய்.

தனியறையின் சிறப்பு ஒன்றை மறைக்கக் கூடாது. பாதியில் விட்ட வேலையைச் சுருட்டி வைக்காமல், மெஷினிலிருந்து எடுக்காமல், கதவை மட்டும் சாத்திவிட்டுச் சோறு சமைக்கப் போகலாம். மண்டபத்து மேசையில் தைத்த காலத்தில் ஒரு போர்வை முடிய ஒரு பருவமே ஆகும். இங்கே அதே வேலை சில கிழமைகளில் முடிகிறது. அம்மாவின் கால் மெஷினும் ஜப்பான் மெஷினும் பக்கம் பக்கமாக நிற்பதைப் பார்க்கும்போது வரும் நிறைவும் கொஞ்சமல்ல.

இவ்வளவும் சொல்லிவிட்டு, மச்சாளுக்கு நான் எழுதி அனுப்பிய முடிவு வேறு. அறையே வேண்டாம், முன் விறாந்தையில் கிழக்குக் காற்று படும் மூலையில் ஒரு நல்ல மேசையைப் போடுங்கள், பின்னறையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதினேன். அன்று கச்சான் காற்று உச்சத்தில் இருந்தது என்பதையும், அலுமாரிக்கடியிலிருந்து பதினொரு சதுரங்களைத் தும்புத்தடியால் இழுத்தெடுத்த கையோடுதான் எழுதினேன் என்பதையும் வாசிப்பவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். அறைதான் வேண்டுமென்றால் கொக்கியை நடுவில் போட விடாதீர்கள், கதிரை வரும் இடத்துக்குப் பின்னால் சுவரில் தோளுயரத்தில் ஒரு விசிறிக்கு இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள், விளக்கை இடப்பக்கம் கேளுங்கள் என்றும் கீழே சேர்த்திருந்தேன்.

மச்சாள் முதற்பகுதியை வாசித்ததாகவே தெரியவில்லை. சுவரில் இணைப்பு எடுத்தாயிற்று, அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று கேட்டிருக்கிறார். வெள்ளை அடியுங்கள், மங்கல் வெள்ளை, மினுக்கம் இல்லாதது என்று பதில் போட்டிருக்கிறேன். நிறச் சுவரின் சாயல் துணியில் விழுந்தால் நீலமும் பச்சையும் பிரித்தறிய முடியாது.