நெஞ்சுப் பட்டையும் எட்டுக் கிலோமீட்டர் டெம்போவும்: ஐந்து மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

கையில் கட்டியிருந்த ஓட்டக் கடிகாரம் காட்டிய ஓர் எண்ணுக்குப் பயந்து, சென்ற ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நான்கு டெம்போ ஓட்டங்களை, அதாவது நிற்காமல் ஒரே வேகத்தில் ஓடும் பயிற்சிகளை, பாதியில் நிறுத்தினேன். நான்கிலும் ஏறக்குறைய ஒரே இடம்தான், ஐந்தாவது கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் கடிகாரம் இதயத்துடிப்பை 173, 174 என்று காட்டியது. 44 வயதுக்காரருக்கு அது உச்சத்தை ஒட்டிய துடிப்பு என்று கடிகாரத்தோடு வந்த செயலி சிவப்பு நிறத்தில் எச்சரித்தது. நானும் நடக்கத் தொடங்கினேன். மூச்சு அப்படியொன்றும் திணறவில்லையே என்ற சந்தேகம் நான்காம் முறைதான் எழுந்தது. அதைத் தீர்த்துக்கொள்ள வாங்கியதே இந்த இதயத்துடிப்பு அளக்கும் நெஞ்சுப் பட்டை. செப்டம்பர் முதல் ஜனவரியில் நடந்த சென்னை மாரத்தான் வரை வாரத்துக்கு மூன்று நாட்கள் இதை அணிந்து ஓடியிருக்கிறேன்.

எந்த நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை வேண்டுமென்றேதான் எழுதாமல் விடுகிறேன். ஏழாயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவான விலை, புளூடூத், அதைப் போன்றே கம்பியில்லாமல் இணைக்கும் ஏ.என்.டி. பிளஸ் ஆகிய இரண்டு வழிகளிலும் கடிகாரத்தோடும் கைப்பேசியோடும் இணையும் வசதி, கழற்றி மாட்டக்கூடிய சிறு கருவி, அதைத் தாங்கும் எலாஸ்டிக் துணிப் பட்டை. இந்த விலைக்குக் கிடைப்பவை எல்லாம் ஏறத்தாழ இதே அமைப்பில்தான் இருக்கின்றன. நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பகுதி அந்த வகைக்கே உரியது.

டெம்போ ஓட்டத்தைப் பற்றி ஓரிரு வரிகள் சொல்லாமல் இந்தப் பட்டையின் பயனை விளக்க முடியாது. முழு முயற்சியோடு போட்டியில் ஓடினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம் எதுவோ, அந்த வேகத்திலோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ நிற்காமல் ஓடுவது டெம்போ. அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் இதற்கு 20 நிமிடம் என்று கணக்கு வைத்தார். மாரத்தானுக்குத் தயாராகிறவர்கள் வேகத்தைச் சிறிது தணித்துக்கொண்டு 40 நிமிடம் வரையிலும் நீட்டிக்கொள்கிறார்கள். கடும் உழைப்பின்போது தசைகளில் உருவாகும் லாக்டேட் என்ற பொருளின் அளவும் உடல் அதை அகற்றும் அளவும் ஏறக்குறைய சமமாக நிற்கும் எல்லைக்கோடு அது. கோட்டைத் தாண்டினால் சில நிமிடங்களில் கால்கள் மரத்துப்போகும். மிகவும் தள்ளி நின்றாலோ அது வெறும் காலை ஓட்டமாகிவிடும். நான்கு மணி நேரத்தில் மாரத்தானை முடிக்க வேண்டும் என்பது என் இலக்கு. அதற்குக் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 41 விநாடி வேகம் வேண்டும். ஆகவே என் பயிற்சித் திட்டத்தில் இருந்த டெம்போ, இரண்டு கிலோமீட்டர் மெதுவோட்டம், கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 25 விநாடி வேகத்தில் எட்டுக் கிலோமீட்டர், மீண்டும் இரண்டு கிலோமீட்டர் மெதுவோட்டம் என்று அமைந்திருந்தது. (வீட்டில் இதைச் சொன்னபோது, "எட்டுக் கிலோமீட்டருக்கு டெம்போ பிடித்தால் என்ன வாடகை கேட்பான்?" என்றார் மாமனார்.)

மணிக்கட்டுக் கடிகாரம் ஏன் தவறியது என்பதற்குப் பட்டை வந்த முதல் வாரத்திலேயே விடை கிடைத்தது. கடிகாரத்தின் அடியில் மின்னும் பச்சை விளக்கு தோலுக்குள் ஒளியைச் செலுத்துகிறது; இரத்தம் அந்த ஒளியை உறிஞ்சுவதால் திரும்பி வரும் ஒளி ஒவ்வொரு துடிப்புக்கும் கூடிக் குறைகிறது; அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் கடிகாரம் எண்ணுகிறது. உட்கார்ந்திருக்கும்போது இந்த எண்ணிக்கை நன்றாகவே இருக்கிறது. வேகமாக ஓடும்போது கை வீச்சும் ஒரு தாளத்தோடு மணிக்கட்டை அசைக்க, கடிகாரம் காலடியின் தாளத்தையே இதயத்தின் தாளமாக எடுத்துக்கொண்டுவிடுகிறது. சோதிப்பதற்காகப் பட்டையை இடுப்புப் பையில் இருந்த கைப்பேசியோடு இணைத்துவிட்டு, கடிகாரத்தை அதன் பச்சை விளக்கை நம்பியே ஓடவிட்டேன். கடிகாரம் இரண்டாவது கிலோமீட்டரிலிருந்து 173 என்று காட்டியபோது பட்டை 157க்கும் 161க்கும் இடையில் நின்றது. வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்தால், கடிகாரம் பதிந்த இதயத்துடிப்புக் கோடும் நிமிடத்துக்கு 173 என்ற என் காலடி எண்ணிக்கைக் கோடும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன. இரண்டு மாதங்களாக நான் என் காலடிச் சத்தத்துக்குப் பயந்து நின்றிருக்கிறேன்.

பட்டையில் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு. மார்பின் இருபக்கமும் தோலைத் தொடும் மின்முனைகள் இதயத்தின் மின் சமிக்ஞையையே நேரடியாகப் பிடிக்கின்றன. மருத்துவமனையில் எடுக்கும் ஈ.சி.ஜி.யின் அடிப்படையும் அதுவே. தொழில்நுட்பம் புதிதல்ல. 1977இல் தொடங்கப்பட்ட பின்லாந்து நிறுவனமான போலார், கம்பியில்லாமல் அணிந்து ஓடக்கூடிய துடிப்புமானியை 1982இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது.

ஆனால் பட்டையை மாட்டியவுடன் பயன் கிடைத்துவிடாது. செயலி தானாக வகுத்துவைத்திருக்கும் துடிப்பு எல்லைகளை முதலில் தூக்கி எறிய வேண்டும். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கின்படி என் உச்சத் துடிப்பு 176. ஒரு பத்துக் கிலோமீட்டர் போட்டியின் கடைசி 300 மீட்டரில் இந்தப் பட்டை எனக்குக் காட்டியதோ 186. அந்தச் சூத்திரம் தோராயமானது. தனி மனிதருக்குப் பத்துத் துடிப்பு முன்பின்னாக இருப்பது சாதாரணம். அதைவிடப் பயனுள்ளது பயிற்சியாளர் ஜோ ஃபிரீல் பரிந்துரைக்கும் சோதனை: தனியாக, சமதளத்தில், 30 நிமிடம் முழு முயற்சியோடு ஓடி, அதன் கடைசி 20 நிமிடத்தின் சராசரித் துடிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு 166 வந்தது. டெம்போவைப் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட எல்லைக்கோட்டுக்கு உரிய துடிப்பு ஏறத்தாழ அதுவே. அதைச் செயலியில் கையால் பதிந்த பிறகுதான் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களுக்கு அர்த்தம் வந்தது.

இனி, இந்தப் பட்டையை நான் உண்மையாகவே எடைபோட்ட அந்த ஒரு நாள். அக்டோபர் மூன்றாவது ஞாயிறு. இரவில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. காலை ஐந்தே காலுக்கு மெரினா உட்சாலையில் மெதுவோட்டத்தை முடித்தபோதே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது, காற்று அசையவில்லை. முதல் கிலோமீட்டரை ஆர்வக்கோளாறில் 5 நிமிடம் 12 விநாடியில் ஓடிவிட்டேன். பட்டை 150 என்றது. இங்கே ஓர் எச்சரிக்கை: இதயம் கால்களுக்குப் பின்னால்தான் வருகிறது. முதல் மூன்று, நான்கு நிமிடங்களில் துடிப்பு குறைவாக இருக்கிறதே என்று வேகத்தைக் கூட்டுகிறவர் ஆறாவது கிலோமீட்டரில் அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்ட நேரும். இது பட்டையின் குறை அல்ல என்றாலும், பெட்டிக்குள் இருந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இரண்டாவது முதல் நான்காவது கிலோமீட்டர் வரை துடிப்பு 159, 161, 162. ஐந்தாவது கிலோமீட்டர் தொடங்கியதும் கால்கள் தாமாகத் தளர்ந்தன. நான்கு முறை நின்ற தூரம் அவற்றுக்குப் பழகிவிட்டது போலும். மனமும் காரணம் தேடத் தொடங்கியது: நேற்றுச் சரியாகத் தூங்கவில்லை, ஈரச் சாலையில் வழுக்கும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். குனிந்து கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது அது பட்டையின் எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. 164. என் எல்லைக்கு இன்னும் இரண்டு துடிப்பு கீழே. நிற்பதற்கு நான் வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் காரணம் கையை விட்டுப் போயிற்று. ஏழாயிரம் ரூபாயில் பெரும்பகுதி அந்த ஒரு பார்வையிலேயே எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்பேன்.

ஆறில் 167, ஏழில் 171. வேகமோ அதே 5 நிமிடம் 27 விநாடிதான். இந்தச் சிவப்பு பொய்யல்ல. ஆனால் அதன் பொருள் வேறு. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் வியர்வையாக நீர் வெளியேறி இரத்தத்தின் கொள்ளளவு குறைகிறது. உடலைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளித்தள்ளப்படும் இரத்தம் குறைய, இதயம் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது. வேகம் மாறாமலேயே துடிப்பு பத்துவரை ஏறுவது இப்படித்தான். சென்னையில் ஈரப்பதம் மிகுந்த நாளில் வியர்வை ஆவியாகாமல் வழிவதால் இந்த ஏற்றம் இன்னும் விரைவாக வந்துவிடுகிறது. 171 என்ற எண் உண்மை. அதைக் கண்டு நிற்க வேண்டுமா என்பதைப் பட்டை சொல்லாது. தலைசுற்றல், உடல் சிலிர்ப்பு, நெஞ்சில் அழுத்தம் இவற்றில் ஏதேனும் இருந்திருந்தால் அங்கேயே நின்றிருப்பேன், நிற்கவும் வேண்டும். அவை இல்லை, எரிச்சலும் களைப்பும் மட்டுமே இருந்தன. கடிகாரத்தின் முகத்தை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிவிட்டேன். மூன்று அடிக்கு மூச்சை இழுத்து இரண்டு அடிக்கு விட்டு, அடுத்த விளக்குக் கம்பம் வரை, அதற்கும் அடுத்தது வரை என்று கலங்கரை விளக்கத்தை நோக்கி ஓடினேன். எட்டாவது கிலோமீட்டர் 5 நிமிடம் 24 விநாடி. மொத்தம் 43 நிமிடம் 12 விநாடி. திட்டத்தில் எழுதியிருந்த டெம்போவை முழுமையாக முடித்த முதல் நாள் அது.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நவம்பரில் ஒரு புதன்கிழமை, மழைக்குப் பின் நல்ல குளிர்ச்சியான காலையில், மூன்றாவது கிலோமீட்டரிலேயே பட்டை 175 காட்டியது. எனக்குப் பெரிய சிரமம் தெரியவில்லை. பழைய அனுபவத்தால் எண்ணைச் சந்தேகித்துப் பட்டையை இறுக்கிப் பார்த்தேன், மாறவில்லை. நிறுத்திவிட்டு வீடு திரும்பினேன்; மறுநாள் காலையில் காய்ச்சல். டிசம்பர் நடுவில் அதே எட்டுக் கிலோமீட்டரை அதே வேகத்தில் 163இல் முடித்தேன். பயிற்சியின் பலன் எவ்வளவு, மார்கழிக் குளிரின் உபயம் எவ்வளவு என்பதைப் பிரித்துக்காட்டும் கருவி இது இல்லை.

அணிவதில் உள்ள தொல்லைகளுக்கு வருகிறேன். மின்முனைகளை நீரில் நனைத்துவிட்டு மாட்டினால் முதல் நிமிடத்திலிருந்தே சரியாக வேலை செய்கிறது. மறந்துவிட்டாலும் நம் ஊரில் ஐந்து நிமிடத்தில் வியர்வை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நீண்ட ஓட்டங்களில் பட்டையின் கீழ் விளிம்பு தோலை அறுக்கிறது. வாசலைன் தடவலாம், ஆனால் மின்முனை படும் இடத்தில் தடவினால் எண் தாறுமாறாகிவிடும். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்து, அது வியர்வையோடு வழிந்து எல்லா இடத்துக்கும் பரவியதால் கைவிட்டேன். என்னோடு ஓடும் தோழி ஒருவர் உள்ளாடையின் கீழ்ப் பட்டைக்குள் இதைச் செருகிக்கொள்கிறார். அவருக்கு அது நழுவுவதில்லை. எனக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் இருமுறை வயிற்றுக்கு இறங்கியது. ஓடி முடித்ததும் கருவியைக் கழற்றிவிட்டுத் துணியை வெறும் தண்ணீரில் அலச வேண்டும். அலசாவிட்டால் உப்பு மின்முனைகளை அரிப்பதோடு, அறைக்குள் வைக்க முடியாத வாடையும் வரும். கழற்றாமல் ஈரத்தோடு தொங்கவிட்டால் கருவி விழித்துக்கொண்டே இருந்து பட்டன் செல்லைத் தின்றுவிடும். முதல் செல் இப்படித்தான் ஆறே வாரத்தில் தீர்ந்தது. இரண்டாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் உண்மையான மனத்தாங்கல் துணிப் பட்டையின் மீதுதான். நான்காம் மாதத்தில் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது. விற்ற கடையில் கேட்டபோது, உத்தரவாதம் கருவிக்கு மட்டுமே, துணிக்கு இல்லை என்றார்கள். பில்லின் பின்புறம் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது என்பதைக் கவனிக்காதது என் பிழை. விற்கும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பது என் வருத்தம்.

உடல்நலத்துக்காக வாரம் நான்கு நாள் பேசிக்கொண்டே ஓடுகிறவருக்கு இது தேவையில்லை. பேச முடிகிறதா என்பதே போதுமான அளவுகோல். டெம்போவும், வேகமாகவும் மெதுவாகவும் மாறி மாறி ஓடும் இடைவேளைப் பயிற்சியும் செய்கிறவர், அதிலும் கையில் கட்டிய கடிகாரம் தன் காலடி எண்ணிக்கையையே துடிப்பாகக் காட்டுகிறதோ என்று ஐயப்படுகிறவர், வேறொரு புதிய கடிகாரத்துக்கு முப்பதாயிரம் செலவழிப்பதற்கு முன் இதை வாங்கிப் பார்க்கலாம்.

மாரத்தான் அன்று 30 கிலோமீட்டர் வரை துடிப்பை 158க்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். அதன் பிறகு கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறம் திருப்பினேன். 4 மணி 3 நிமிடம். அந்த மூன்று நிமிடத்துக்குப் பட்டை பொறுப்பல்ல, 36ஆவது கிலோமீட்டர் தண்ணீர்ப் பந்தலில் நான் நின்ற நேரமே அதற்குச் சரியாகப் போய்விடும். புதிய துணிப் பட்டை தனியாக 1,800 ரூபாய், முணுமுணுத்துக்கொண்டே வாங்கியாயிற்று.