பத்து வருடம், மூன்று ஜெர்சி: சைக்கிள் அணிகளின் ஜெர்சிக்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா?

2014 ஜூலை 7, திங்கட்கிழமை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, லண்டனுக்கு வடகிழக்கே எப்பிங் காட்டுப் பக்கம் சாலையோரத்தில் காலையிலிருந்தே நின்றிருந்தேன். அந்த வருடம், மூன்று வாரம் நடக்கும் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸ் இங்கிலாந்தில் தொடங்கியது. மூன்றாம் நாள் கேம்பிரிட்ஜிலிருந்து லண்டன் வரை 155 கிலோமீட்டர். முதலில் விளம்பர வண்டிகள் வந்து கூட்டத்துக்குள் தொப்பியும் சாவிக்கொத்தும் வீசிக்கொண்டு போயின. ரொம்ப நேரம் கழித்து ஹெலிகாப்டர் சத்தம். அப்புறம் ஒரே காற்று, சக்கரங்களின் இரைச்சல், கண்முன்னே கலர் கலராக ஒரு ஓட்டம். அப்போது முதலிடத்தில் இருந்த நிபாலி போட்டிருந்த மஞ்சள் ஜெர்சி மட்டும்தான் தனியாகக் கண்ணில் பட்டது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாலையில் பக்கிங்ஹாம் அரண்மனைப் பக்கம் அன்றைய ஓட்டத்தை மார்செல் கிட்டல் ஜெயித்ததை வீட்டுக்கு வந்து டிவியில்தான் பார்த்தேன்.

அன்று ராத்திரியே எனக்குப் பிடித்த அணியின் ரெப்ளிகா ஜெர்சி (வீரர்கள் போடுவதைப் போலவே ரசிகர்களுக்காகத் தைப்பது) ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 80 பவுண்டு. அப்போது நம்மூர்க் காசுக்கு எட்டாயிரம் ரூபாய். அணியின் பெயரையும் தைத்த கம்பெனியின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. விலை விஷயத்தில் எல்லாக் கம்பெனிகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். நான் பகிர நினைப்பது அந்த ஜெர்சியோடும், அதற்குப் பிறகு வாங்கிய இரண்டோடும் பத்து வருடம் சைக்கிள் ஓட்டிய அனுபவத்தை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை காட்டன் டி-ஷர்ட் போட்டுத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். முப்பது கிலோமீட்டர் தாண்டினால் முதுகு முழுக்க நனைந்து கனக்கும். இறக்கத்தில் காற்று பட்டதும் நடுங்கும். இந்த பாலியெஸ்டர் துணி வேர்வையை உறிஞ்சி வெளியே தள்ளிவிடுகிறது. டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் பாதி காய்ந்துவிடும். முதுகில் மூன்று பாக்கெட். ஒன்றில் போன், ஒன்றில் மழைக்கோட்டு, ஒன்றில் இரண்டு வாழைப்பழம். பின்பக்கம் நீளமாக வெட்டியிருப்பதால் குனிந்து ஓட்டும்போது இடுப்பு தெரியாது. சைக்கிள் ஜெர்சி என்ற பொருளே அருமையானது. அதற்கு நான் கொடுத்த ஒவ்வொரு பைசாவும் சரி. அதன் மேல் அணியின் பெயர் அச்சடித்திருப்பதற்காகக் கொடுத்த பணத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

மூன்றாவது வருடம் ஜிப் போய்விட்டது. ரன்னர் பாதியில் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் மேலே பூட்டி, கீழே திறந்துகொள்ளும். 2017 ஜனவரியில் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது ஜெர்சியையும் பெட்டியில் வைத்து எடுத்துப் போனேன். எங்களுக்குத் திருப்பூர். மாமா முப்பது வருடமாக பனியன் கம்பெனி நடத்துகிறார். சின்ன யூனிட், இருபது மெஷின்.

மாமா ஜெர்சியைக் கையில் வாங்கியதும் முன்பக்கத்து லோகோ எதையும் பார்க்கவில்லை. நேராக உள்பக்கம் திருப்பினார். தோள்பட்டைத் தையலைக் கட்டைவிரலால் நீவிப் பார்த்தார். கைப்பட்டியின் எலாஸ்டிக்கை இரண்டு தடவை இழுத்து விட்டார். “பிளாட்லாக் நல்லா அடிச்சிருக்கான். பாக்கெட்டுக்குச் சாதா ஓவர்லாக்தான் போட்டிருக்கான்,” என்றார். பிளாட்லாக் என்பது தோலில் உறுத்தாத தட்டைத் தையல்; ஓவர்லாக் துணி ஓரத்தைச் சுற்றிப் போடும் சாதாரணத் தையல். அப்புறம் முதுகுப் பக்கத் துணியை இரண்டு கையாலும் அகலமாக இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். “இங்க பாரு கண்ணு.” இழுத்த இடத்தில் கறுப்பு வெளிறிச் சாம்பலாகிவிட்டது. இழைகளுக்கு நடுவே வெள்ளை தெரிந்தது. “கறுப்புச் சாயம் போட்ட துணியில்ல இது. வெள்ளைத் துணி மேல கறுப்பு பிரின்ட்.”

மூன்று வருடம் போட்டும் இதை நான் கவனித்ததில்லை. சப்ளிமேஷன் என்கிற முறை இது. காகிதத்தில் டிசைனை அச்சடித்து, வெள்ளை பாலியெஸ்டர் துணிமேல் வைத்து, 200 டிகிரி அளவுக்குச் சூடாக அழுத்துவார்கள். மை ஆவியாகி இழைக்குள் போய்விடும். அதனால் எத்தனை துவைத்தாலும் லோகோ உரியாது, வெடிக்காது. அதே காரணத்தால், குனிந்து ஓட்டும்போது முதுகுத் துணி விரிகிற இடத்தில் அடர்ந்த நிறமெல்லாம் வெளுத்துத் தெரியும். லோகோ ஒன்று இருந்தாலும் நூறு இருந்தாலும் அச்சடிக்கிற வேலை ஒன்றுதான், செலவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

“எவ்வளவு குடுத்தே?” என்று கேட்டார். “எட்டாயிரம் ரூபாய்ங்க மாமா.” அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. ஜெர்சியைத் தராசில் வைத்தார்; 160 கிராம் காட்டியது. துணி, பிரின்ட், ஜிப், இடுப்பில் ஒட்டியிருந்த சிலிக்கான் பட்டி, கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் எல்லாவற்றையும் வாயாலேயே கணக்குப் போட்டுவிட்டு, “இதே தரத்துல நானே பண்ணினாலும் ஐந்நூறு, அறுநூறுக்குள்ள முடிச்சிருவேன் கண்ணு,” என்றார். இத்தாலியில் தைத்தால் கூலி வேறு, நூறு நூறு பீஸாகத் தைத்தால் விலை ஏறும், அதையும் அவரே சொன்னார். ஆனாலும் எட்டாயிரத்துக்கும் அறுநூறுக்கும் நடுவே இருக்கிற தூரம் அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மீதிப் பணம் எங்கே போகிறது? பிரிட்டனில் பெரியவர்கள் உடுப்புக்கு 20 சதவீதம் வாட் வரி. 80 பவுண்டில் 13 பவுண்டுக்கு மேல் அதிலேயே போய்விடும். அடுத்து கடைக்காரர் பங்கு. அதற்கும் மேலே இருப்பது ஸ்பான்சர் கணக்கு. வழக்கமாக உடுப்புக் கம்பெனியே அணிக்கு ஒரு ஸ்பான்சராக இருக்கும். வருடம் முழுக்க வீரர்களுக்கு வேண்டியதைத் தைத்துக் கொடுக்கும். பெரிய அணி என்றால் பணமும் கொடுக்கும். அந்தச் செலவை எடுப்பது நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ஜெர்சியில். இதை நான் தவறு என்று சொல்லவில்லை. சைக்கிள் பந்தயத்துக்கு ஸ்டேடியம் கிடையாது, டிக்கெட் கிடையாது. சாலையோரம் யார் வேண்டுமானாலும் நிற்கலாம், நானும் அப்படித்தான் நின்றேன். டிவி உரிமைப் பணமும் பெரும்பாலும் பந்தயம் நடத்துபவர்களுக்குத்தான். அணி பிழைப்பது நெஞ்சில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயர்களால். சரி, அது புரிகிறது. ஆனால் அதே விளம்பரத்தைத் தன் நெஞ்சிலும் சுமந்துகொண்டு ஓட்டும் ரசிகனுக்கு ஜெர்சி மலிவாகக் கிடைக்க வேண்டாமா? வெறும் ஜெர்சியைவிட இரண்டு மூன்று மடங்கு விலை வைக்கிறார்கள். பத்து வருடமாகியும் இது எனக்கு ஆறவில்லை.

மாமா கொடுத்த பாடத்துக்குப் பிறகும் அதே வருடம் கோடையில் இரண்டாவது தப்பு செய்தேன். இந்த முறை ரசிகர் ரகம் இல்லை, வீரர்களே போடுகிற பந்தய ரகம், 150 பவுண்டு. பக்கவாட்டில் கண்ணாடி போல மெல்லிய வலைத்துணி, கைகள் முழங்கை வரை, தோளில் தையலே கிடையாது. இந்த ரகத்தை சைக்கிள் மேல் குனிந்து உட்கார்ந்திருக்கும் உடம்புக்கென்றே வெட்டுகிறார்கள். முன்பக்கம் குட்டை. நிமிர்ந்து நின்றால் தோளைப் பிடித்துக் கீழே இழுக்கும். வழக்கமாக நான் போடுவது எல் சைஸ். இத்தாலிய அளவில் டபுள் எக்ஸ்எல் வாங்கியும் மூச்சு முட்டியது. 40 கிலோமீட்டர் வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுகிறவர்களுக்கு அந்த இறுக்கத்தில் பலன் உண்டு. எசெக்ஸ் கிராமச் சாலைகளில் 25-ல் ஓட்டும் எனக்கு என்ன பலன்? இரண்டே கோடையில் வலைத்துணி இழுவையை இழந்து தொளதொளவென்று ஆகிவிட்டது. போன் வைத்த பாக்கெட்டின் மூலைத்தையல் பிரிந்தது. அந்த வீரர்களுக்கு வருடத்துக்கு டஜன் கணக்கில் புது ஜெர்சி வரும். நீடிப்பது அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஒன்றே ஒன்று வாங்குகிற நமக்கு அதுதான் முதல் பிரச்சினை.

துணி கெடுவதற்கு முன்பே காலாவதியாகிவிடுவது இந்த ஜெர்சிகளுக்கே உள்ள இன்னொரு சிக்கல். கால்பந்து கிளப் ஜெர்சியில் டிசைன் மாறினாலும் கிளப் பெயர் அப்படியே இருக்கும். சைக்கிளில் ஸ்பான்சர் பெயர்தான் அணியின் பெயர். பெல்ஜியத்தின் குவிக்-ஸ்டெப் அணியைப் பாருங்கள். 2015-ல் எடிக்ஸ் குவிக்-ஸ்டெப், 2017-ல் குவிக்-ஸ்டெப் ஃப்ளோர்ஸ், 2019-ல் டெசெனிங்க் குவிக்-ஸ்டெப், 2022-ல் குவிக்-ஸ்டெப் ஆல்ஃபா வினைல், 2023-ல் சூடால் குவிக்-ஸ்டெப். அதே மேனேஜர், அதே அணி, ஒன்பது வருடத்துக்குள் ஐந்து பெயர். டீம் ஸ்கை 2019 மே மாதம், பருவத்தின் நடுவிலேயே, டீம் இனியோஸ் ஆனது. அந்த ஜனவரியில் ஸ்கை ஜெர்சி வாங்கியவர்கள் கையில் நாலே மாதத்தில் பழைய ஜெர்சி. ஏகன் பெர்னால் அந்த வருட டூரை ஜெயித்தது புது உடுப்பில். 2020 ஆகஸ்டில் அதுவும் மாறி இனியோஸ் கிரெனடியர்ஸ் ஆனது. பிரிட்டிஷ் வீரர் காவெண்டிஷ் ஜெயித்துக் குவித்த ஹைரோடு அணி 2011 முடிவில் ஸ்பான்சர் கிடைக்காமல் கலைந்தே போனது.

இவ்வளவு விலை வைத்தால் போலி வராமல் இருக்குமா? என்னோடு ஓட்டும் நண்பர் ஒருவர் ஆன்லைனில் 18 பவுண்டுக்கு ஒன்று வாங்கினார். போட்டோவில் அசல் மாதிரியே இருந்தது. வந்தது பிளாஸ்டிக் தாள் போலச் சரசரக்கும் துணி. முதல் துவையலில் சிவப்பு இறங்கி வெள்ளைப் பட்டை ரோஸ் ஆகிவிட்டது, கழுத்துத் தையல் உராய்ந்து தோல் சிவந்தது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அசலை நியாய விலைக்குக் கொடுத்திருந்தால் அவர் அசலையே வாங்கியிருப்பார்.

மூன்றாவது ஜெர்சி 2019-ல் வாங்கியது. பெரிய விளையாட்டுப் பொருள் கடையில், எந்த அணியின் பெயரும் இல்லாத கருநீல ஜெர்சி, 25 பவுண்டு. சாதாரண வெட்டு, மூன்று பாக்கெட், சாவி வைக்க ஜிப் போட்ட நாலாவது பாக்கெட் வேறு. இருநூறு தடவைக்குமேல் போட்டாகிவிட்டது. இடுப்புப் பட்டி மட்டும் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. தடவைக்கு எவ்வளவு என்று மூன்றையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது 12 பென்ஸ். முதல் ஜெர்சி முந்நூற்றைம்பது தடவைக்குமேல் ஓடியிருக்கிறது, அது 23 பென்ஸ். பந்தய ரகத்தை மொத்தம் நாற்பது தடவைகூடப் போட்டிருக்க மாட்டேன். தடவைக்கு நாலு பவுண்டு.

அதனால் யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான். ஓட்டுவதற்கு வேண்டுமென்றால் பெயரில்லாத நல்ல ஜெர்சியை வாங்குங்கள். அணிமேல் ஆசை இருக்கிறதா, அதற்காகவும் வாங்குங்கள், ஆனால் ரசிகர் ரகம் போதும். பந்தயப் பருவம் அக்டோபரில் முடிகிறது. அடுத்த ஜனவரிக்குள் புது டிசைன் வந்துவிடும் என்பதால் நவம்பரில் பழைய ஸ்டாக்கைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது வாங்கினால் போதும். வாங்கியதை ஜிப் பூட்டி, உள்பக்கம் திருப்பி, 30 டிகிரியில் துவையுங்கள். துணியை மென்மையாக்கும் திரவம் ஊற்றவே கூடாது, அது வேர்வை வெளியேறும் வழியை அடைத்துவிடும். ஹீட்டர் மேல் காயப்போட்டால் எலாஸ்டிக் செத்துவிடும்; இந்த ஊர்க் குளிரில் எல்லாரும் செய்கிற தப்பு இது. நானும் செய்தேன், முதல் ஜெர்சியின் கைப்பட்டி அப்படித்தான் போனது.

இன்னொரு வழி மஞ்சள் ஜெர்சி. 1919-லிருந்து டூரில் முதலிடத்துக்கு அதே மஞ்சள்தான், எந்த வருடத்தில் வாங்கினாலும் பழசாகாது. என் கிளப்பில் சிலர், ஜெயிக்காதவன் அதைப் போடக் கூடாது என்பார்கள். உலக சாம்பியனின் வானவில் பட்டை ஜெர்சிக்கு அந்த மரியாதையை நானும் கொடுக்கிறேன். மஞ்சளை ஒரு ரசிகர் ஆசையாகப் போட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

2023 நவம்பரில் இன்னொரு ரெப்ளிகா வாங்கினேன், எனக்கில்லை, பத்து வயது மகளுக்கு. 2021 அக்டோபரில் பெண்களுக்கான முதல் பாரி-ரூபே பந்தயத்தை நானும் அவளும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம். சேறும் மழையுமான கல் சாலையில் லிஸ்ஸி டெய்க்னன் 80 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டி ஜெயித்தார். கையுறை போடாததால் கை புண்ணாகி, ஹேண்டில்பார் பட்டையில் ரத்தம் படிந்திருந்தது. மகள் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவேயில்லை. அவர் ஓட்டிய டிரெக்-செகாஃப்ரெடோ அணி 2023 டூர் நேரத்தில் லிடில்-டிரெக் என்று பெயர் மாறியதும், பழைய பெயர் போட்ட ஜெர்சியெல்லாம் தள்ளுபடிக்கு வந்தது. சிறுவர் உடுப்புக்கு இங்கே வாட்டும் கிடையாது. ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கினேன்.

“இது பழைய பேராச்சே கண்ணு, பரவாயில்லையா?” என்று கேட்டேன்.

“அவங்க இந்தப் பேருலதானே அப்பா ஜெயிச்சாங்க,” என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அதைப் போட்டுக்கொண்டு முன்னால் ஓட்டுகிறாள். பின்னால் நான், பத்து வருடத்துக் கறுப்பு ஜெர்சியில். முதுகில் நிறம் நன்றாகவே வெளுத்துவிட்டது. மாமா அன்றைக்கு மாற்றிக் கொடுத்த திருப்பூர் ஜிப் மட்டும் இன்னும் ஒரு இடத்திலும் சிக்கியதில்லை.