ஸ்டோர்ச்சின் கால்கள்: நான்கு வருடங்களுக்குப் பிறகு

இடது இறக்கையின் நுனி வலதை விட ஏழு மில்லிமீட்டர் கீழே இருந்தது. போன வாரம் அலமாரியில் தூசி தட்டும்போது கண்ணில் பட்டது. ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி அளந்து பார்த்து உறுதி செய்தேன். யாரும் அதைத் தொடவில்லை, கீழே விழவும் இல்லை. நான்கு வருடமாக வைத்த இடத்திலேயே நின்று, நான் கட்டிய ஃபீஸலர் ஸ்டோர்ச் பிளாஸ்டிக் மாடல் விமானத்தின் இடது சக்கரக் கால் மெல்ல மெல்ல மடங்கியிருக்கிறது.

அன்றைக்கு இரவே, மாடல் கட்டுவதில் எனக்கு இளையவரான ஒரு நண்பர் செய்தி அனுப்பினார். "அண்ணா, நீங்க கட்டின அதே ஸ்டோர்ச், 1/48, விலை நல்லா குறைஞ்சிருக்கு. வாங்கலாமா?" கையில் மடங்கிய காலோடு உட்கார்ந்திருந்தவனால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சரிசெய்துவிட்டு எழுதுகிறேன் தம்பி என்றேன். நேற்று முடித்தேன்.

பெட்டியில் எத்தனை பாகங்கள், என்ன டீக்கால்கள் (ஒட்டும் சின்னங்கள்) என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கம்பெனி பெயரும் இங்கே தேவையில்லை, ஏனென்றால் சிக்கல் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. கால்களைப் பற்றியும் கேபினைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன். நான்கு வருடத்தில் என் மனதில் நின்றவை அவை இரண்டும்தான்.

ஸ்டோர்ச் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் வேவு விமானம். ஸ்டோர்ச் என்றால் ஜெர்மன் மொழியில் நாரை. நம் செங்கால் நாரையேதான். கெர்ஹார்ட் ஃபீஸலரின் காசல் நகரத் தொழிற்சாலையில் உருவாகி 1936-இல் முதலில் பறந்தது. 240 குதிரைசக்தி ஆர்கஸ் எஞ்சின். எதிர்க்காற்று கொஞ்சம் இருந்தால் 60 மீட்டர் ஓடி எழும்பிவிடும், இறங்க 20 மீட்டர் போதும். இறக்கையின் முன்விளிம்பு முழுவதும் நிலையாகப் பொருத்திய ஸ்லாட், அதாவது இடைவெளி விட்ட ஒரு பட்டை ஓடுகிறது, பின்னால் ஃபிளாப்புகள் என்கிற பெரிய மடக்குப் பலகைகள். அவற்றால் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலும் காற்றில் நிற்கும். அவ்வளவு மெதுவாக, அவ்வளவு செங்குத்தாக இறங்குகிற விமானம் தரையைத் தொடும்போது வாங்கும் அடி முழுவதும் கால்களுக்குத்தான் போகிறது. அதனால் தடித்த தண்டுக்குள் சுருள்வில்லும் எண்ணெயும் வைத்து, சுமார் 40 செ.மீ. அமுங்கும்படி அமைத்தார்கள். பறக்கும்போது சுமை இல்லாமல் அந்தக் கால்கள் நீளமாகத் தொங்கும். தரையில் எடை ஏறினால் அமுங்கி, சக்கரங்கள் இரண்டு பக்கமும் விலகும். பெயர் வந்தது அந்தத் தொங்கும் கால்களால்தான்.

என் மாடல் 1/48, அதாவது நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு. 40 செ.மீ.யை 48-ஆல் வகுத்தால் எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. முப்பது சென்டிமீட்டர் இறக்கை நீளமுள்ள மாடலில் அது சின்ன விஷயம் இல்லை. கால் நீண்டிருக்கிறதா அமுங்கியிருக்கிறதா என்பதைப் பொறுத்து மூக்கின் உயரம் மாறும், சக்கரங்களின் இடைவெளி மாறும், மொத்த நிற்பே மாறிவிடும். என் பெட்டியில் வந்த கால்கள் முழுக்க நீண்ட நிலையில் வார்க்கப்பட்டவை. பறக்கும் நாரையின் கால்களோடு தரையில் நிற்கச் சொல்கிறது கிட். முதல் நாளே இது எனக்கு உறுத்தியது. தண்டை நடுவில் வெட்டி மூன்று மில்லிமீட்டர் குறைத்து ஒட்டினேன். கீழே உள்ள V வடிவக் கம்பிகளின் சாய்வையும் அதற்கேற்ப மாற்றினேன். நிற்பு சரியாக வந்தது. பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து அன்று மிகவும் சந்தோஷப்பட்டேன்.

அந்த வெட்டுதான் பலவீனமாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் போன வாரம் கழற்றிப் பார்த்தபோது ஒட்டு அசையாமல் இருந்தது, அதற்குக் கீழே இருந்த முழுப் பிளாஸ்டிக்தான் வில்லாக வளைந்திருந்தது. பாலிஸ்டைரீனின் குணம் அது. உடையாமல், நாள்கணக்கில் சுமையைத் தாங்கிக்கொண்டே மெல்ல வளையும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக வளையும். தடித்த, குட்டையான கால் உள்ள விமானங்களில் இது தெரியவே தெரியாது. தீக்குச்சியை விட மெலிந்த மூன்று குச்சிகள் ஒரு பக்கத்தைத் தாங்க வேண்டிய ஸ்டோர்ச்சில் தெரிந்துவிடும். கிட்டை வடிவமைத்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இரண்டு துண்டு உலோகக் கம்பியைப் பெட்டியில் போட்டிருந்தால் முடிந்திருக்கும். அந்த விலைக்கு அதை எதிர்பார்ப்பது பேராசை என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி கேபின். இதைச் சொல்லாமல் கால்களை மட்டும் சொன்னால் அநியாயம்.

எந்த வேவு விமானத்துக்கும் வேலை ஒன்றுதான்: கீழே பார்ப்பது. ஸ்டோர்ச்சில் அந்த வேலைக்காகவே உடலை வளைத்திருக்கிறார்கள். பக்கவாட்டுக் கண்ணாடிகள் உடலின் சுவரை விட வெளியே பிதுங்கி நிற்கும். உட்கார்ந்திருப்பவர் தலையை லேசாகச் சாய்த்தால் போதும், நேர் கீழே தரை தெரியும். கூரையும் கண்ணாடி. உள்ளே இரும்புக் குழாய்ச் சட்டம், ஒன்றன்பின் ஒன்றாக இருக்கைகள், பின்னால் சுடும் எம்ஜி 15 இயந்திரத் துப்பாக்கி. மாடலில் இவை எதையும் மூடி மறைக்க முடியாது. மற்ற விமானங்களில் காக்பிட்டுக்குள் செய்த வேலை பாதி, மூடிய பிறகு யாருக்கும் தெரியாது. இதில் ஒரு பெல்ட் கோணலாக இருந்தாலும் நான்கு பக்கத்திலிருந்தும் தெரியும்.

அந்தக் கேபினுக்கு மட்டும் பதினோரு மாலைகள் போயின. தெளிவான பாகங்களைக் கழுவி, பளபளப்பு அக்ரிலிக் வார்னிஷில் முக்கி எடுத்து, தூசி படாமல் ஒரு டப்பாவுக்கு அடியில் ஒரு நாள் காய வைத்தேன். ஒவ்வொரு சட்டத்துக்கும் மாஸ்கிங் டேப்பை மெலிதாக அறுத்து ஒட்டினேன். முதலில் உட்புறத்துச் சாம்பல்பச்சையை அடித்தேன், அதன் மேல் பாலைவன மஞ்சள். அப்படிச் செய்தால் வெளியிலிருந்து மஞ்சளும் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது உட்புற நிறமும் தெரியும். கண்ணாடிகளை ஒன்றோடு ஒன்று சேர்க்க வெள்ளைப் பசைதான், நம் ஃபெவிகால். காய்ந்தால் நிறமே இருக்காது, தப்பாக ஒட்டினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். சூப்பர் குளூவைப் பக்கத்திலேயே கொண்டு வரவில்லை. அதன் ஆவி கண்ணாடியில் படிந்தால் வெள்ளையாகப் பனி பூத்த மாதிரி ஆகிவிடும், உட்புறத்தில் படிந்தால் துடைக்கவும் வழி இல்லை.

டேப்பை உரித்த மாலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மேஜை விளக்குக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தேன். ஒளி கூரை வழியாக உள்ளே விழுந்து இருக்கைகளில் குழாய்ச் சட்டத்தின் நிழல் கோடு கோடாக இருந்தது. இருபது வருடமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன், ஒரு மாடலின் உள்ளே வெளிச்சம் இப்படிப் போய் நான் பார்த்ததில்லை. இப்போதும் காலையில் ஜன்னல் வெயில் அலமாரியில் படும் நேரம் அதைப் பார்க்காமல் நான் வேலைக்குக் கிளம்புவதில்லை.

நிறத்தைப் பற்றி ஒன்று மட்டும். வட ஆப்பிரிக்காவில் பறந்தவற்றின் மஞ்சளும் அடியில் வெளிர்நீலமும் அடித்தேன், வாலுக்கு முன்னால் வெள்ளைப் பட்டை. வால் துடுப்பில் வர வேண்டிய நாஜி சின்னத்தை ஒட்டவில்லை. வரலாற்றுத் துல்லியம் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. அவர்கள் வாதம் புரிகிறது, ஆனால் என் வீட்டு அலமாரியில் அது வேண்டாம். இந்த விமானம் யாருக்காகப் பறந்தது என்பதை மறந்துவிட்டு என்னால் அதை ரசிக்க முடியாது. 1943 செப்டம்பர் 12-ஆம் தேதி கிரான் சாஸோ மலைமேலிருந்து முசோலினியை ஏற்றிக்கொண்டு கிளம்பியதும் ஒரு ஸ்டோர்ச்தான். விமானி ஹைன்ரிஷ் கெர்லாக். முசோலினியை மீட்கப் போன நாஜி எஸ்.எஸ். அதிகாரி ஓட்டோ ஸ்கோர்செனியும் பிடிவாதமாக ஏறிக்கொண்டதால் பாரம் கூடி, ஓடும்போது ஒரு சக்கரம் பாறையில் இடித்துச் சேதமானது. அப்படியும் பறந்து போய் இறங்கியது.

அதே ரகத்தைச் சேர்ந்த வேறு இரண்டு விமானங்களை நினைக்கத்தான் எனக்குப் பிடிக்கும். 1946 நவம்பர் 19-ஆம் தேதி அமெரிக்க ராணுவத்தின் டகோட்டா போக்குவரத்து விமானம் ஒன்று ஸ்விட்சர்லாந்தின் கௌலி பனியாற்றில் மோதி நின்றுவிட்டது. உள்ளே பன்னிரண்டு பேர், அனைவரும் உயிரோடு. ஐந்து நாள் கழித்து, ஸ்விஸ் விமானப்படையின் விக்டர் ஹூக், பிஸ்டா ஹிட்ஸ் இருவரும் பனிச்சறுக்குக் கட்டைகள் பொருத்திய இரண்டு ஸ்டோர்ச்களை அந்தப் பனியாற்றின் மேலேயே இறக்கி, நடை நடையாக எல்லோரையும் கீழே கொண்டு வந்தார்கள். மலை மீட்புப் பறத்தலின் தொடக்கமாக ஸ்விஸ்காரர்கள் அதைச் சொல்வார்கள். அந்தச் சாய்வான பனியில் இறங்கும்போது அடியைத் தாங்கியது இந்தக் கால்கள்தான். இந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் ஸ்டோர்ச் கட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. அதனால்தானோ என்னவோ, மாடலில் கால் மடங்கி நிற்பதைப் பார்க்கும்போது மற்ற குறைகளைப் போல விட்டுவிட முடியவில்லை.

சரி, பழுது பார்த்த கதைக்கு வருகிறேன். கேபினையும் கால்களையும் பற்றி மட்டும் எழுதுகிறேன் என்றேனே, அவை இரண்டும் ஒரே இடத்தில்தான் சேர்கின்றன. தடித்த தண்டின் மேல்முனை கேபின் பக்கத்திலிருந்து வெளியே நீட்டியிருக்கும் முக்கோணக் குழாய்ச் சட்டத்தில் போய் ஒட்டும். அங்கிருந்து பக்கத்துக் கண்ணாடிக்கு இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. காலைப் பலப்படுத்த வேண்டுமென்றால் கேபினை ஒட்டித்தான் துளை போட வேண்டும், கேபினை ஒட்டித்தான் பசை வைக்க வேண்டும்.

இரண்டு கால்களையும் கழற்றினேன். ஒன்று மடங்கினால் மற்றதும் மடங்கப்போகிறது. கீழே உள்ள V கம்பிகளைத் தூக்கிப்போட்டுவிட்டு 0.8 மி.மீ. பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்தேன். அது சுலபம், ஒரு மணி நேரம். தடித்த தண்டைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, அதன் வடிவம் அழகாக வார்க்கப்பட்டிருக்கிறது. வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து நிமிர்த்தினேன். பின் வைஸ் என்கிற சின்னக் கைப்பிடியில் மெல்லிய டிரில்லை மாட்டி, இரண்டு முனையிலிருந்தும் விரலால் சுழற்றித் துளைத்து, உள்ளே பித்தளைக் கம்பியைச் செருகினேன். வலது தண்டில் துளை நடுவே சந்திக்கவில்லை, லேசாகப் பக்கத்தில் வெளியே வந்துவிட்டது. புட்டி வைத்துத் தேய்த்தேன். மேல்முனையில் கம்பி மூன்று மில்லிமீட்டர் நீட்டியிருக்கும்படி விட்டேன். முக்கோணச் சட்டத்தில் அதற்கு ஒரு துளை, பசைக்கு மெதுவாக இறுகும் எபாக்ஸி. ஆவி வராது, இறுக ஒரு இரவு ஆகும்.

வலது பக்கம் சரியாகப் போனது. இடது பக்கத்தில் துளை போடும்போது டிரில் நழுவியது.

கண்ணாடியில் ஒரு கீறல், அரிசி நீளம்கூட இல்லை. தேய்த்து எடுக்கலாம் என்றால் முன்னால் முக்கோணக் குழாய்கள் குறுக்கே நிற்கின்றன, விரலோ பஞ்சுக்குச்சியோ அந்த இடத்துக்குப் போகாது. குழாய்களை வெட்டி எடுத்தால் அதன் ஒட்டும் பெயின்ட்டும் போகும், கூடவே கண்ணாடியும் பெயர்ந்து வர வாய்ப்பு உண்டு. வார்னிஷைத் தூரிகை நுனியால் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கீறல் பாதி மங்கியது, பாதி அப்படியே இருக்கிறது. பதினோரு மாலைகள் நான் காப்பாற்றிய கண்ணாடி அது. பெட்டியிலேயே உலோகக் கம்பி போட்டிருந்தால் அந்த டிரில்லை நான் அங்கே கொண்டு போயிருக்கவே மாட்டேன். இதை எழுதும்போதும் கோபம் அடங்கவில்லை.

நேற்றுக் காலை கால்களில் நிறுத்தினேன். இரண்டு நுனியும் ஒரே உயரம், அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. விரலால் மேலிருந்து லேசாக அழுத்தினால் பித்தளை திரும்பத் தள்ளுகிறது. இனி அது மடங்காது. காலை வெயிலில் வைத்தேன். இருக்கைகளில் அதே கோட்டு நிழல். இடது பக்கத்திலிருந்து பார்த்தால் கீறல் ஒரு சின்ன வெள்ளி இழையாக மின்னுகிறது. அதனால் வலது பக்கம் தெரியும்படி திருப்பி வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு எழுதிய பதில் இதுதான்: வாங்காதீங்க. நான் கட்டிய எதிலும் இவ்வளவு அழகான கேபின் இருந்ததில்லை, அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் வாங்காதீங்க. விலை குறைந்ததென்று வாங்கி, கட்டி, மூன்று நான்கு வருடம் அதோடு பழகிய பிறகு அது உங்கள் கண் முன்னால் மண்டி போடும். அப்போது அதைத் தூக்கி நிறுத்தப் போனால் எதை மிகவும் ஆசையாகச் செய்தீர்களோ அதன்மேல்தான் கை படும். இரண்டு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனோ தெரியாது. இன்றைக்கு என் பதில் இதுதான்.

அரை மணி நேரத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. "அண்ணா, நேத்தே ஆர்டர் போட்டுட்டேன். சாரி."

பித்தளைக் கம்பி ஒரு அடி மிச்சம் இருக்கிறது. கால் இரண்டையும் கேபின் ஒட்டுவதற்கு முன்னாலேயே துளைக்கச் சொல்லி, துளைகளின் ஆழத்தைக் குறித்த தாளோடு அதைக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன். நாளைக்குக் கூரியரில் போகும்.